எம்டன்காரன் ராஜாவா, கரி அள்ளினவனா?

கல்மண்டபம்: முதல் உலகப் போர்ல மெட்ராஸைச் சுட்ட ஜெர்மன் போர்க்கப்பல் எம்டனைப் பத்தி வேறொரு இழையில ஒரு மேதாவி எழுதியிருக்காரு: "எம்டன் மாலுமிக்குப் போரே விடுமுறைதான். நல்ல கார்டிப் கரி போட்டான், புகையே இல்லாம மெட்ராஸ் வந்தான், சுட்டான், போயிட்டான்." கார்டிப் கரியாம்! புகை கம்மியான அந்த வேல்ஸ் கரி, எம்டன் பிடிச்ச ப்யூரெஸ்க்ங்கிற பிரிட்டிஷ் கரிக்கப்பல்ல இருந்தது. அதைப் பிடிச்சது 1914 செப்டம்பர் 27. மெட்ராஸ்ல குண்டு விழுந்தது 22. தேதி கூடப் பார்க்க மாட்டீங்களா?

காசிமேட்டான்: எழுதின மேதாவி நான்தான். ராத்திரி ஒன்பதரைக்குப் புகை எவன் கண்ணுக்குத் தெரியும்? எந்தக் கரியா இருந்தா இன்னா?

கல்மண்டபம்: புகையே இல்லைன்னு எழுதினது நீங்க. இப்போ தெரியாதுன்றீங்க. அதுக்கு முன்னாடி பிடிச்ச பொன்டொபொரோஸ்ங்கிற கிரேக்கக் கரிக்கப்பல்ல 6,500 டன் இந்தியக் கரி. சாம்பல் அதிகம். உருகி அடுப்புச் சட்டத்துல கட்டி பிடிச்சா காத்து மேல ஏறாது, நீராவி அழுத்தம் இறங்கும். நீளக் கம்பியால உடைச்சுக் கிளறணும். கதவு திறந்திருக்கிற நேரமெல்லாம் குளிர்காத்து உள்ள போகும். அதனால ஒவ்வொரு அடுப்பாத்தான் சுத்தம் பண்ண முடியும். கொதிகலன் 12. புகையைக் குறைக்கணும்னா மெல்லிசா, அடிக்கடி போடணும். மொத்தமா கொட்டினா கரும்புகை. இதுவா விடுமுறை?

பழையவண்ணை: அடுப்புல கரி போடுற ஸ்டோக்கரைச் சொல்றீங்க, கிடங்குலேந்து கரி தள்ளிக் குடுக்கிற ட்ரிம்மரை மறந்துட்டீங்க. அடுப்புக்குப் பக்கத்துக் கிடங்கு முதல்ல காலியாகும். அப்புறம் தூரத்துலேந்து இழுத்து வரணும். நாள் ஆக ஆக வேலை கூடும்.

காசிமேட்டான்: சரி, மூட்டை தூக்கினான். எல்லாக் கப்பல்லயும் தூக்கினான்.

கல்மண்டபம்: மத்தவங்க பெரும்பாலும் துறைமுகத்துல தூக்கினாங்க. இவங்க பல தடவை நடுக்கடல்ல, ரெண்டு கப்பல் மோதிக்கிட்டு இருக்கும்போது தூக்கினாங்க. சமாதான காலத்துல, சீனாவுல இருந்த ஜெர்மன் தளம் சிங்டாவ்ல சொகுசா இருந்தாங்கன்னா ஒத்துக்கறேன். போர்ல இல்லை. சும்மா கார்டிப் கார்டிப்னு!

எஸ்பிளனேடு: விடுதலைப் போராளி செண்பகராமன் அந்தக் கப்பல்ல இருந்தாரே, அதைப் பத்தி ஒருத்தரும் வாய் திறக்கல?

பழையவண்ணை: ஆரம்பிச்சுட்டாருப்பா. அந்த மாசம் அவர் ஐரோப்பால இருந்தாரு.

எஸ்பிளனேடு: ஹைகோர்ட் சுவர்ல கல்வெட்டு இருக்கு, போய்ப் பாருங்க.

பழையவண்ணை: குண்டு விழுந்த இடத்துக்குக் கல்வெட்டு. கப்பல்ல யார் யார் இருந்தாங்கன்னு அதுல எங்க இருக்கு?

காசிமேட்டான்: போர் முடிஞ்சப்புறம் எம்டன்னு பேரோட சேர்த்துக்க அனுமதி குடுத்தாங்களே. ராஜ மரியாதை இல்லாம இன்னாது அது?

கல்மண்டபம்: உயிரோட இருந்தவனுக்குக் குடுத்தாங்க. நவம்பர் 9-ல இந்தியப் பெருங்கடல்ல கோகோஸ் தீவுப் பக்கம் ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் சிட்னி அடிச்ச அடியில 130 பேருக்கு மேல செத்தாங்க. தப்பினவங்கள்ல பல பேர் மால்டா சிறையில கிடந்தாங்க. பேர் பெருமையா வந்தது, வருஷம் திரும்பி வந்ததா? அதை விடுங்க. ப்யூரெஸ்க் பிடிச்ச தேதி என்ன? சொல்லுங்க.

காசிமேட்டான்: கடல்ல இறங்காம கல்மண்டபத்துல உக்காந்து கரி எண்றவங்களுக்கு நான் தேதி சொல்லணுமா?

கல்மண்டபம்: செப்டம்பர் 27. இன்னொரு தடவை வேணுமா?