மண் தரவுச் செயலியை மாற்றியமைத்தோம்: திருகோணமலைக் களத்தில் கண்டவை

திருகோணமலை மாவட்டத்தில் குழி வெட்டி, மண்ணைப் பார்த்து, பார்த்ததைப் போனில் பதியும் வேலையில் இருந்தவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். அந்தச் செயலியை மாற்றி வடிவமைத்த வேலையில் நானும் சேர்ந்திருந்தேன். நிரல் எழுதுவது என் பொறுப்பு அல்ல. வயலுக்குப் போய் வருபவர்களுடன் நின்று பார்த்து, எந்தத் திரை முதலில் வர வேண்டும், எது கட்டாயம், எதை வெறுமையாக விடலாம் என்று முடிவு செய்யும் பக்கத்தில் இருந்தேன். அதில் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன். உங்களுடையதையும் கீழே சேருங்கள்.

பழைய படிவத்தின் பெரிய குறை அதன் வரிசை. அலுவலகத்துக் கணினியில் அட்டவணை எப்படி இருந்ததோ அப்படியே கேள்விகளும் வந்தன. முதலில் காணிச் சொந்தக்காரர், பிறகு கிராம அலுவலர் பிரிவு, கடந்த போகத்தில் என்ன பயிர், என்ன உரம், நீர் எங்கிருந்து வருகிறது. இதெல்லாம் முடிந்த பிறகுதான் மண்ணின் நிறம். ஆனால் குழிக்குள் நடப்பது வேறு. சுவரைக் கத்தியால் சீவிவிட்ட அந்த நேரத்தில்தான் மண் படைகளின், அதாவது அடுக்குகளின், எல்லை தெளிவாகத் தெரியும், ஈரமும் இருக்கும். கந்தளாய்ப் பக்கம் மேட்டுக் காணியில் செங்கபில மண் ஈரமாக இருக்கும்போது மன்சல் அட்டையில் (மண்ணின் நிறத்தை ஒப்பிட்டுப் பார்க்கும் வண்ணச் சதுரங்கள் கொண்ட அட்டை) 5 ஒய்.ஆர். 4/4 என்ற சதுரத்தோடு பொருந்தும். வெயிலில் சற்று நேரம் விட்டால் அதே சுவர் வெளிறி வேறு சதுரத்துக்குப் போய்விடும். உரக் கணக்கைக் கேட்டு முடிக்கும்போது நாம் பதிய வந்த நிறம் அங்கே இல்லை.

புதிய செயலியில் குழிதான் முதலில். சுவரின் படம், படைகளின் ஆழம், ஈரமான நிறம், கட்டமைப்பு (மண் எப்படிக் கட்டிகளாகச் சேர்ந்திருக்கிறது), இழையமைப்பு (மணல், வண்டல், களி எந்த அளவில் கலந்திருக்கின்றன). காணிக்காரரோடு பேச வேண்டியதெல்லாம் கடைசியில், மர நிழலில். இந்த ஒரு மாற்றத்துக்காகத்தான் நான் மிகவும் வாதாடினேன், இன்றும் அதுதான் முக்கியம் என்று நினைக்கிறேன். போன் படம் இருக்கிறதே, நிறத்தை ஏன் தனியாக எழுத வேண்டும் என்று சிலர் கேட்டார்கள். போன் கமரா வெளிச்சத்துக்கு ஏற்ப நிறத்தைத் தானே சரிசெய்துகொள்ளும். காலையில் ஒரு நிறம், மேகம் மூடினால் இன்னொரு நிறம். படம் நல்ல சாட்சி, ஆனால் அட்டைக்கு மாற்று அல்ல.

அடுத்தது, முன்கூட்டியே நிரப்பப்பட்டிருந்த விடைகள். சரிவு என்ற இடத்தில் 1 வீதம் என்றும், கற்கள் என்ற இடத்தில் 'இல்லை' என்றும் படிவம் தானாகவே போட்டு வைத்திருந்தது. வேலையைச் சுலபமாக்கத்தான் அப்படிச் செய்தார்கள். விளைவு என்ன? தம்பலகாமத்து வயலில் சரிவு உண்மையிலேயே 1 வீதமா, அல்லது யாரும் அளக்கவில்லையா என்று தரவைப் பார்த்தால் தெரியாது. அளந்தவரின் 1-உம் அளக்காதவரின் 1-உம் ஒன்றாகவே கிடக்கும். இதைத் திருத்த வழியே இல்லை, மறுபடி அந்த வயலுக்குப் போனால் ஒழிய. எனவே எல்லா இடமும் வெறுமையாகத் தொடங்கட்டும் என்று வைத்தோம். 'பார்க்கவில்லை' என்று ஒரு பொத்தானும் சேர்த்தோம், மற்றப் பொத்தான்களின் அதே அளவில். அதை அழுத்துவது யாருக்கும் கூச்சமாக இருக்கக் கூடாது என்பது எங்கள் எண்ணம்.

இழையமைப்புக்குப் பழைய படிவத்தில் ஒரு நீண்ட பட்டியல் இருந்தது, பன்னிரண்டு வகை. பழகியவர்கள் சரியாகத் தேர்ந்தெடுப்பார்கள். புதிதாக வந்த பிள்ளைகள் இருவாட்டி (மணலும் வண்டலும் களியும் கலந்த மண்) என்று பெயர் வரும் ஏதோ ஒன்றில் விரலை வைத்துவிடுவார்கள். அமெரிக்க வேளாண்மைத் திணைக்களத்தின் ஆய்வாளர்கள் உருவாக்கிய லேண்ட்பிகேஎஸ் செயலியில் வகையின் பெயரைக் கேட்காமல் கையில் என்ன நடக்கிறது என்று படிப்படியாகக் கேட்கும் வழி ஒன்று உண்டு. நாங்களும் அந்த முறைக்கே போனோம். உள்ளங்கை அளவு மண்ணை எடுத்து நீர் தெளித்துப் பிசையுங்கள். உருண்டை பிடிக்கிறதா? பிடிக்காவிட்டால் மணல், கேள்வி அத்தோடு முடிந்தது. பிடித்தால் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே தள்ளி நாடாவாக நீட்டுங்கள். 2.5 சென்ரிமீற்றருக்குள் முறிந்தால் இருவாட்டிப் பக்கம், 5 வரை போனால் களி இருவாட்டிப் பக்கம், அதற்கு மேல் நீண்டால் களி. பிறகு ஒரு சிட்டிகையை நிறைய நீரில் நனைத்துத் தேய்த்து, நறநறவென்று இருக்கிறதா, வழவழப்பாக இருக்கிறதா என்று ஒரு கேள்வி. வகையைச் செயலி சொல்லும்.

நாடாவை அளக்கத் திரையின் ஓரத்தில் அளவுகோல் வரைந்து பார்த்தோம். ஒவ்வொரு போனிலும் நீளம் மாறியது. கடைசியில் 2.5-க்கும் 5-க்கும் கோடு போட்ட ஸ்டிக்கர் ஒன்றைப் போனின் பின்புறம் ஒட்டினோம். பிசைபவர் கையை நீட்ட, போன் வைத்திருப்பவர் திருப்பிப் பிடித்துப் பார்த்துவிட்டு அழுத்துவார்.

ஆமாம், இருவர். இதை வடிவமைப்பாளர்களுக்குப் புரியவைக்கவே நாட்கள் போயின. சேற்றுக் கை திரையைத் தொடாது, தொட்டாலும் ஈரத்தில் போன் எதையோ எடுத்துக்கொள்ளும். ஒருவர் குழிக்குள் நின்று சொல்ல, இன்னொருவர் மேலே நின்று பதிவார். ஆகவே ஒவ்வொரு கேள்வியும் உரக்கப் படித்தால் விளங்கும் ஒரே வரியாக இருக்க வேண்டும். சாம்பல் நிற எழுத்துகளை எடுத்துவிட்டு வெள்ளையில் கறுப்பு வைத்தோம். நிலாவெளி மணல் வெளியில் மத்தியானம் நின்று பார்த்தவர்களுக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை.

உவர் அளவைப் பற்றியும் சொல்ல வேண்டும். கொட்டியார்க் குடாவை ஒட்டிய தாழ்வான வயல்களிலும், 2004 சுனாமி நீர் ஏறிய கரையோரக் காணிகளிலும் எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். மண் கலந்த நீரில் மின்சாரம் எவ்வளவு கடக்கிறது என்று பார்த்துத்தான் உவரை அளக்கிறோம். சிலரிடம் இருந்த கருவி மைக்ரோசீமன்ஸ் காட்டும், சிலருடையது மில்லிசீமன்ஸ் காட்டும். ஒருவர் 850 என்று எழுதுவார், மற்றவர் 0.85 என்று எழுதுவார், இரண்டும் ஒன்றுதான். அதைவிடச் சிக்கல், மண்ணுக்கு ஐந்து பங்கு நீர் கலந்து அளந்த எண்ணும், மண்ணைக் குழம்பாக்கி வடித்த நீரில் அளந்த எண்ணும் ஒரே பத்தியில் கிடந்தது. உவர் மண் என்று சொல்லும் எல்லை, மீற்றருக்கு 4 டெசிசீமன்ஸ் (சென்ரிமீற்றருக்கு 4 மில்லிசீமன்ஸ் என்பதும் அதுதான்), குழம்பு முறைக்கு உரியது. நீரை அதிகம் கலந்தால் எண் வெகுவாக இறங்கிவிடும். நெல்லின் விளைச்சல் குழம்பு முறையில் 3-ஐத் தாண்டினாலே குறையத் தொடங்கும். ஐந்து பங்கு நீர் கலந்து அளந்த சிறிய எண்ணை அதோடு ஒப்பிட்டு 'உவர் இல்லை' என்று ஒரு காணிக்காரரிடம் சொல்லிவிட்டால் அது அவருடைய போகத்தோடு விளையாடுவது. இப்போது செயலி கருவியில் தெரியும் அலகையும் கலந்த முறையையும் கேட்ட பிறகுதான் எண்ணை வாங்கும்.

ஜிபிஎஸ் பற்றிச் சுருக்கமாக. படிவம் திறந்தவுடன் இடத்தைக் குறித்துக்கொண்டது பழைய செயலி. மோட்டார் சைக்கிளை நிறுத்திய இடத்தில் படிவத்தைத் திறப்பார்கள், குழியோ நாலு வரம்பு தாண்டி இருக்கும். வரைபடத்தில் பாதிப் புள்ளிகள் வீதியில் விழுந்தன. இப்போது குழியருகே நின்று தனியாக அழுத்த வேண்டும், துல்லியம் எத்தனை மீற்றர் என்றும் காட்டும்.

குச்சவெளியிலிருந்து, கள உதவியாளர்

ஆழம் பற்றி யாரும் எழுதவில்லை, அதனால் எழுதுகிறேன். எங்கள் பக்கம் வெங்காயத் தோட்டங்கள் மணலில்தான். மணலில் குழி நிற்காது. அரை மீற்றர் போவதற்குள் சுவர் சரிந்துவிடும், மாரி காலமென்றால் நீரும் ஊறிவிடும். பழைய படிவத்தில் 'மண் ஆழம் 50' என்று போட்டுவிட்டு வருவோம். பிறகு அதைப் பார்த்தவர்கள் அங்கே அடியில் பாறை இருக்கிறது, மண் ஆழமில்லை என்று எடுத்துக்கொண்டார்கள். அங்கே மணல் இன்னும் எவ்வளவோ கீழே போகிறது.

இப்போது ஆழத்தைப் போட்டவுடன் 'ஏன் நிறுத்தினீர்கள்?' என்று கேட்கிறது. பாறை, கல், நீர், சுவர் சரிந்தது, மண் இறுகியது, நேரமில்லை. இது வந்த பிறகு எனக்குப் பெரிய நிம்மதி. வறண்ட காலத்தில் செம்மண்ணில் அலவாங்கு இறங்காமல் நிறுத்துவதும், அடிப்பாறையில் முட்டி நிறுத்துவதும் ஒன்றல்ல என்பது வெட்டுபவனுக்குத் தெரியும். அதைச் சொல்ல அப்போது இடமிருக்கவில்லை.

மூதூரிலிருந்து, விவசாயப் போதனாசிரியராக இருந்தவர்

தோப்பூர்ப் பக்கம் ஒரு வயலில் நாங்கள் குழி வெட்டி முடித்து மூடும்போது காணிக்காரர், வயதானவர், வரம்பில் வந்து உட்கார்ந்தார். "மகன், எங்கட மண்ணைப் பார்த்து எழுதிக்கொண்டு போறீங்க. எனக்கு என்ன சொல்லப் போறீங்க?" என்று கேட்டார். "அறிக்கை வரும் காக்கா" என்றேன். "போன முறை வந்தவங்களும் அதுதான் சொன்னாங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் எனக்கு அது இன்னும் மனதில் இருக்கிறது.

புதிய செயலியில் வேலை முடிந்ததும் ஒரு பக்கச் சுருக்கம் வருகிறது: மேல் படை எவ்வளவு தடிப்பு, களியா மணலா, நீர் எங்கே தேங்கும், உவர் அளவு என்ன, எந்த முறையில் அளந்தது. சிக்னல் இல்லாத இடத்திலும் வரும். அதைத் திரையில் காட்டிக் குழியோடு வைத்து விளக்கினால் வயல்காரர்கள் நம்மைவிட நன்றாகப் பிடித்துக்கொள்கிறார்கள். 2021-இல் இரசாயன உரம் தடைசெய்யப்பட்டுப் பட்ட பாட்டுக்குப் பிறகு, தங்கள் மண்ணில் என்ன இருக்கிறது என்று அறிய இங்கே ஆட்கள் துடிக்கிறார்கள். தரவை வாங்கிக்கொண்டு வெறுங்கையோடு திரும்புவது இனி நியாயமில்லை.

தரவு ஒழுங்குசெய்யும் வேலையில் இருப்பவர், திருகோணமலை நகரம்

எனக்கு ஒரு விஷயத்தில் உடன்பாடில்லை. 'பார்க்கவில்லை' என்ற பொத்தானைச் சேர்த்த பிறகு இழையமைப்பில்கூட வெற்றிடங்கள் வருகின்றன. இழையமைப்பு இல்லாத குழியை வைத்து நான் என்ன செய்வது? வெட்டிய கூலி, போய்வந்த பெற்றோல் எல்லாம் வீண். நாலைந்து கேள்விகளாவது கட்டாயமாக இருக்க வேண்டும்.

முதலில் எழுதியவர்

உங்கள் கவலை எனக்கும் உண்டு. ஆனால் கட்டாயம் என்று பூட்டினால் வெற்றிடம் மறையும், வேலை நடந்திருக்காது. மழை பிடித்துவிட்டது, போன் அடுத்த திரைக்குப் போக மறுக்கிறது என்றால் ஆள் எதையாவது அழுத்திவிட்டுத்தான் போவார். வெற்றிடம் உங்களுக்குத் தெரியும், அந்த விடை உங்களுக்குத் தெரியாது. அப்புறம், நடுவில் ஒரு வழி இருக்கிறது: குழியை மூடுவதற்கு முன் 'இழையமைப்பு இன்னும் பார்க்கவில்லை' என்று செயலி ஒருமுறை நினைவூட்டட்டும், பார்க்காமல் விட்டால் காரணத்தைக் கேட்கட்டும். குச்சவெளி நண்பர் சொன்ன ஆழக் கேள்வியைப் போலவே. அடுத்த திருத்தத்தில் இதைச் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன்.

வெருகல், ஈச்சிலம்பற்றுப் பக்கம் ஆற்று வண்டலில் வேலை செய்தவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள். அங்கே வெள்ளம் கொண்டுவந்து போட்ட மெல்லிய படைகள் ஒன்றன்மேல் ஒன்றாக வரும், அவற்றைத் தனித்தனியாகப் பதிவதா, சேர்த்துப் பதிவதா என்று இன்னும் முடிவாகவில்லை.