ரோசம்மா புன்னூஸ்: தேவிகுளத்துக்கு அவர் யார்?

பீர்மேடு மாணவன் கேட்டது:

கேரள அரசு வேலைக்கான பி.எஸ்.சி. தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். கேள்வித் தொகுப்பில் ரோசம்மா புன்னூஸ் என்ற பெயர் திரும்பத் திரும்ப வருகிறது. கேரள சட்டசபையில் முதலில் உறுதிமொழி எடுத்தவர், முதல் தற்காலிக சபாநாயகர், நீதிமன்றத் தீர்ப்பால் பதவி இழந்த முதல் உறுப்பினர், இடைத்தேர்தலில் வென்ற முதல் ஆள், எல்லாமே இவர்தான். தொகுதி தேவிகுளம் என்று பார்த்ததும் ஆச்சரியம். நம் மலைத் தொகுதிக்கும் காஞ்சிரப்பள்ளிக்காரருக்கும் என்ன தொடர்பு? பரீட்சைக்கு இந்த நான்கு வரி போதும். ஆனால் ஆளைத் தெரிந்துகொள்ள வேண்டும் போலிருக்கிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கோட்டயம் வாசகர்:

பதவி போன கதையை மட்டும் சொல்கிறேன். 1957 தேர்தலில் பி.கே. நாயரின் வேட்புமனுவைத் தள்ளுபடி செய்தார்கள். அது தவறு என்று வழக்குப் போனது, தேர்தலே செல்லாது என்று தீர்ப்பு வந்தது. 1958 மே மாதம் இடைத்தேர்தல். ரோசம்மா மறுபடி நின்று, எதிர்த்து நின்றவரைவிட 7000 வாக்குகளுக்கு மேல் கூடுதலாக வாங்கி வென்றார். அவர் மீது ஊழல் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. "பதவி இழந்தவர்" என்று மொட்டையாகப் படித்தால் வேறு மாதிரி தோன்றும், அதனால் சொல்கிறேன்.

லயத்துப் பேத்தி:

தம்பி, நல்ல கேள்வி. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். என் பாட்டி தேவிகுளம் பக்கத்து எஸ்டேட்டில் கொழுந்து எடுத்தவர், அந்த அம்மாவுக்கு ஓட்டுப் போட்டவர்.

ரோசம்மா பிறந்தது 1913இல், காஞ்சிரப்பள்ளியில் வசதியான கத்தோலிக்கக் குடும்பத்தில். அக்கா அக்கம்மா செறியானைப் பற்றிப் படித்திருப்பாய். 1938இல் திவான் சர் சி.பி. காலத்தில் அரண்மனையை நோக்கி ஊர்வலம் நடத்திப் போனவர், திருவிதாங்கூரின் ஜான்சி ராணி என்று பெயர் எடுத்தவர். தங்கையும் அதே போராட்டத்தில் இறங்கி ஜெயிலுக்குப் போனார். பிறகு கம்யூனிஸ்ட் தலைவர் பி.டி. புன்னூஸைக் கல்யாணம் செய்துகொண்டார். புன்னூஸ் மார்த்தோமா சபையைச் சேர்ந்தவர். 1946இல் ஒரு கத்தோலிக்கப் பெண் சபை மாறி, அதுவும் ஒரு கம்யூனிஸ்டைக் கட்டுவது சின்ன விஷயம் இல்லை. 1957இல் புருஷன் டில்லியில் எம்.பி., மனைவி திருவனந்தபுரத்தில் எம்.எல்.ஏ.

அந்த முதல் சபையில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் 126 பேர். அதில் பெண்கள் 6 பேர். கௌரி அம்மா வருவாய்த் துறை மந்திரி, ஆயிஷா பாய் துணை சபாநாயகர். மற்ற எல்லாருக்கும் உறுதிமொழி செய்துவைக்க உட்கார்ந்தவர் நம் தொகுதி உறுப்பினர்.

இப்போது அந்த இடைத்தேர்தல். கம்யூனிஸ்டுகள் 60, ஆதரவு சுயேச்சைகள் 5, அவ்வளவுதான் முதலமைச்சர் இ.எம்.எஸ். நம்பூதிரிபாட் நடத்திய கம்யூனிஸ்ட் அரசின் பலம். அதனால் நாடே தேவிகுளத்தைப் பார்த்தது. ஓட்டுப் போடப்போவதோ பெரும்பாலும் தமிழ் பேசும் தேயிலைத் தோட்டத்து ஜனங்கள். அவர்களிடம் பேச பண்ணைப்புரத்திலிருந்து பாவலர் வரதராசனை வரவழைத்தார்கள். இளையராஜாவின் அண்ணன். வேலை முடிந்து லயத்துக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளுக்கு வந்தவர்கள் குளிரில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு பாட்டுக் கேட்க உட்கார்ந்துவிடுவார்களாம். வேட்பாளர் என்ன பேசினார் என்று பாட்டிக்கு நினைவில்லை, பாட்டு மட்டும் கடைசிவரை நினைவிருந்தது. அந்த 7000 வாக்கில் பாவலர் தொண்டைக்கு ஒரு பங்கு உண்டு என்றுதான் எங்கள் பக்கம் எல்லாரும் சொல்வார்கள். நானும் அப்படித்தான் நம்புகிறேன்.

ஆனால் தம்பி, இதையும் குறித்துக்கொள். மே மாதம் ஜெயித்தார்கள். அதே 1958 அக்டோபரில் மூணாறு தோட்டங்களில் வேலைநிறுத்தம். போலீஸ் சுட்டு, தொழிலாளர்கள் இருவர் செத்தார்கள். ஆட்சியில் இருந்தது அந்த ஜனங்களே ஓட்டுப் போட்டுக் காப்பாற்றிய அரசு. எந்தக் கேள்வித் தொகுப்பிலும் இது இருக்காது. ரோசம்மாவைக் குறைத்துப் பேச இதைச் சொல்லவில்லை. அவருக்குக் கிடைத்த ஒவ்வொரு "முதல்" பெயருக்குப் பின்னாலும் கூடை சுமந்த ஒரு கூட்டம் நிற்கிறது, அதைப் பேச ஆள் இல்லை என்ற ஆதங்கம்தான்.

போடி வணிகர்:

அக்கா சொன்னதோடு ஒன்று சேர்க்க வேண்டும். தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்று திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் போராடியது. 1956 நவம்பர் 1இல் கேரளத்துக்குப் போய்விட்டது. அந்த ஏமாற்றம் ஆறுவதற்குள்தான் இந்தத் தேர்தல். தமிழர் தொகுதியில் தமிழர் நின்றிருக்க வேண்டாமா? மலையாளியான ரோசம்மாவை நாம் ஏன் கொண்டாட வேண்டும்?

லயத்துப் பேத்தி:

அண்ணா, உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் என் பாட்டிக்கு அன்றைக்கு எல்லைக்கோடு பெரிய விஷயமாக இல்லை. கங்காணிக்குப் பதில் சொல்லாமல் இருக்கணும், பிள்ளை பள்ளிக்கூடம் போகணும், கூலி ஏறணும். அதைப் பேசிய கட்சிக்கு ஓட்டுப் போட்டார். ஏமாந்துபோய்ப் போட்ட ஓட்டு என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

எனக்குக் கேள்வி வேறு இடத்தில்தான். நில உச்சவரம்பு கொண்டுவந்தபோது தேயிலைத் தோட்டங்களுக்கு விலக்குக் கொடுத்தார்கள். கேரளத்தில் எத்தனையோ குத்தகைக்காரருக்கு நிலம் கிடைத்தது. தோட்டத்து ஜனங்களுக்கு ஒரு சென்ட் கிடைக்கவில்லை. ஓய்வு பெற்றால் லயத்தைக் காலி செய்ய வேண்டும். பாட்டியும் அப்படித்தான் மலையிறங்கி போடிக்கு வந்தார். தமிழரோ மலையாளியோ, அந்த விலக்கை எதிர்த்து எங்கள் உறுப்பினர் சபையில் முழங்கியிருக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. 2015இல் போனஸைக் குறைத்தபோது பெண்கள் தாங்களே பெம்பிளை ஒருமை என்று கூடி மூணாறு ரோட்டில் உட்கார்ந்தார்கள். எந்தத் தொழிற்சங்கத் தலைவரையும் பக்கத்தில் விடவில்லை. தினக்கூலி 232லிருந்து 301 ஆனது அப்புறம்தான்.

பீர்மேடு மாணவன்:

அக்கா, 1959க்குப் பிறகு ரோசம்மா அரசியலில் இருந்தாரா?

லயத்துப் பேத்தி:

இருந்தார். 1959 ஜூலை 31இல் அரசைக் கலைத்ததோடு அந்தப் பதவி போனது. 1964இல் கட்சி உடைந்தபோது இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி (சி.பி.ஐ.) பக்கம் நின்றார். 1971இல் கணவர் இறந்தார். 1987இல் எழுபது வயது தாண்டி ஆலப்புழையில் ஜெயித்து மறுபடி சபைக்கு வந்தார், அப்போதும் தற்காலிக சபாநாயகர் அவரே. 2013 டிசம்பரில் ஓமனில், மகன் வீட்டில் இறந்தார். வயது நூறு.

கோட்டயம் வாசகர்:

இன்னொன்று. அதே தேவிகுளத்தில் 2021இல் ஜெயித்த ஏ. ராஜா தமிழில் உறுதிமொழி எடுத்தார். அவர் தேர்தலையும் 2023இல் கேரள உயர் நீதிமன்றம் ரத்து செய்தது, 2025இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைத் தள்ளியது. இதையும் குறித்து வையுங்கள் தம்பி, தேர்வில் கேட்பார்கள்.