ஆனந்தரங்கப்பிள்ளையைப் பாதியில் விட்டுவிட்டேன், திட்டுங்கள்

ஜன்னல்சீட்டு (மஞ்சக்குப்பம்) ஞாயிறு, இரவு 9.10

ஜனவரியில் ஒரு பட்டியல் போட்டேன். மாதத்துக்கு ஒரு கிளாசிக், வருடத்துக்குப் பன்னிரண்டு. டைரியின் கடைசிப் பக்கத்தில் எண் போட்டு எழுதியும் வைத்தாயிற்று. இந்த மாதம் ஆனந்தரங்கப்பிள்ளை நாட்குறிப்பு, முதல் தொகுதி. பிரெஞ்சுக்காரர் காலத்துப் புதுச்சேரியில் கவர்னர் துரைக்குத் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்தவர். எனக்கு வேலை புதுச்சேரியில், வீடு கடலூரில். போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். பேருந்துதான் என் படிப்பறை.

இந்த வாரக் கணக்கைச் சொல்கிறேன். திங்கள் நாட்குறிப்பு 20 பக்கம். செவ்வாய் 8 பக்கம். புதன் நிற்கக்கூட இடமில்லாத கூட்டம், புத்தகத்தையே வெளியில் எடுக்கவில்லை. அப்பாடா என்று இருந்தது. அப்படி இருந்ததே என்று அப்புறம் வெட்கமாகவும் இருந்தது. வியாழன் பையில் புதுமைப்பித்தனைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன். 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' எத்தனையாவது தடவையோ தெரியாது. கடவுளையே பிடித்துத் தன் வைத்தியப் பத்திரிகைக்குச் சந்தா கேட்கிற ஆளை நினைத்து, தவளக்குப்பம் நிறுத்தத்தில் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். பக்கத்து சீட்டுப் பூக்கார அம்மா "என்னம்மா?" என்றார். கதையைச் சொன்னேன். "அப்புறம் சாமி காசு குடுத்துச்சா?" என்று கேட்டார். பதில் சொல்வதற்குள் முருங்கப்பாக்கம் வந்து இறங்கிப் போய்விட்டார். வெள்ளி, சனி இரண்டு நாளும் அதே தொகுப்புதான்.

இன்று காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் அட்டை போன ஒரு பழைய சிறுகதைத் தொகுப்பு, 40 ரூபாய்க்குக் கிடைத்தது. யாரோ ஒருவர் ஓரத்தில் பென்சிலால் பால் கணக்கு எழுதியிருக்கிறார். ஒரு கதை முடிகிற இடத்தில் அதே கையெழுத்தில் 'பாவம்' என்று ஒரே ஒரு சொல். கதையை விட அந்தப் 'பாவம்' எனக்கு அவ்வளவு பிடித்துவிட்டது.

ஆகவே நாட்குறிப்பை 140ஆம் பக்கத்தில் மூடிவிட்டேன். கப்பல் வந்தது, சரக்கு இறங்கியது, துரையைப் பார்த்தேன், துரை இப்படிச் சொன்னார். போதும். செவ்வாய்க்கிழமை நூலகத்தில் திருப்பிக் கொடுக்கிறேன். பட்டியலைக் கிழித்தாயிற்று. திட்டுகிறவர்கள் வரிசையில் வரலாம்.

ஓ.டி. வாத்தியார் (கடலூர் முதுநகர்) ஞாயிறு, இரவு 9.48

முதல் ஆள் நான். அம்மா, பட்டியலைக் கிழித்தது உங்கள் இஷ்டம். ஆனால் 140 பக்கத்தை வைத்துக்கொண்டு அந்த மனிதருக்குத் தீர்ப்பு எழுதாதீர்கள். 1736 செப்டம்பரில் தொடங்கி 1761 ஜனவரி வரை ஏறக்குறைய 25 வருடம் எழுதியிருக்கிறார். புதுச்சேரி ஆங்கிலேயர் கைக்குப் போன அதே மாதம் கண்ணை மூடினார். ஆங்கில மொழிபெயர்ப்பு மட்டும் 12 தொகுதி. துப்ளேக்ஸ் பிரெஞ்சு கவர்னராக இருந்த காலத்தைப் பக்கத்தில் நின்று பார்த்து, நம் பாஷையில் எழுதிய ஆள் வேறு யார் இருக்கிறார்கள்? கும்பினி, முசியே என்று அவர் எழுதும்போது அந்தக் காலத்துக் கடைத்தெரு காதில் விழுகிறது. அந்தக் காது வர நூறு இருநூறு பக்கம் ஆகும்.

பண்ருட்டிப் பலாவைக் கையில் எண்ணெய் தடவாமல் அறுத்துவிட்டு, பிசின் ஒட்டுகிறது என்று பழத்தையே குப்பையில் போட்ட கதையாக இருக்கிறது. நான் காலையில் 20 பக்கம் படிக்காமல் பேப்பரைக் கூடத் தொடுவதில்லை. பிடித்தாலும் 20, பிடிக்காவிட்டாலும் 20.

நைட்ஷிப்ட் (நெய்வேலி) ஞாயிறு, இரவு 11.25

சார், பலாப்பழ உதாரணம் அருமை. ஆனால் எங்கள் வீட்டில் ரோட்டோரத்தில் சுளையாகத்தான் வாங்குகிறோம். :)

பிடிக்காவிட்டாலும் 20 என்றீர்களே, அதைத்தான் பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டு வருடம் செய்தோம். கூடப் படித்த 40 பேரில் இன்றைக்குப் புத்தகம் தொடுகிறவன் நான் ஒருத்தன்தான். பாதியில் வைத்தால் பாவம் என்று பயமுறுத்தினால், ஆள் அடுத்த புத்தகத்தையும் எடுக்கமாட்டான். என் அலமாரியில் ஜூலை மாதப் புத்தகக் கண்காட்சியில் வருடா வருடம் வாங்கி, பிரிக்காமல் நிற்கிறவை அறுபதாவது இருக்கும். எல்லாம் யாரோ 'கட்டாயம் படி' என்று சொன்னவை.

இன்னொன்றும் சொல்கிறேன். எம்.ஏ.சுசீலா மொழிபெயர்த்த 'குற்றமும் தண்டனையும்' வாங்கியபோது கூட இருந்தவர்கள் எல்லாம் கஷ்டம், ஓடாது என்றார்கள். மூன்று நைட் ஷிப்டில் முடித்தேன். விடியற்காலை மூன்று மணிக்கு அந்த விசாரணை அதிகாரி சிரித்துச் சிரித்துப் பேசுகிற இடம் வந்தது. எனக்கே ஏதோ கொலை செய்துவிட்ட மாதிரி வேர்த்தது. அதே வாரம் 'லேசாக இருக்கும்' என்று கொடுத்த நாவலை இருபதாவது பக்கத்தில் வைத்துவிட்டேன். ஆக, கஷ்டம் லேசு என்பதெல்லாம் புத்தகத்தின் மேல் ஒட்டியிருக்கிற சீட்டு கிடையாது சார். எந்த ராத்திரியில் எந்த ஆள் எடுக்கிறான் என்று இருக்கிறது.

முத்தியால்பேட்டைக்காரன் திங்கள், காலை 7.02

எனக்கு வேறு ஒரு சந்தேகம். பட்டியல் யார் போட்டது?

உ.வே.சா. கதை எல்லோருக்கும் தெரியும், இருந்தாலும் சொல்கிறேன். 1880இல் கும்பகோணத்துக்கு முன்சீபாக வந்த சேலம் இராமசுவாமி முதலியார், என்னவெல்லாம் படித்திருக்கிறீர்கள் என்று அவரைக் கேட்டார். இவர் அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ் என்று அடுக்கிக்கொண்டே போனார். முதலியார் அசையவில்லை. இதெல்லாம் சரி, சீவகசிந்தாமணி படித்ததுண்டா என்றார். பெயரைத் தவிர ஒன்றும் தெரியாது இவருக்கு. அன்றைய பெரிய படிப்பாளிகளின் பட்டியலில் சிந்தாமணியே இல்லை! இன்றைக்கு நாம் தூக்கிப் பிடிக்கிற பட்டியலில் எது விட்டுப்போயிருக்கிறதோ, யார் கண்டார்?

அப்புறம் அக்கா, நீங்கள் பட்டியலைக் கிழித்துவிட்டுப் படித்தது யாரை? புதுமைப்பித்தனை. 1906இல் உங்கள் திருப்பாப்புலியூரில் பிறந்தவர். அவர் கிளாசிக் இல்லை என்றால் வேறு யார்? பட்டியலில் வந்தால் தூக்கம், பையில் வந்தால் சிரிப்பு. அவ்வளவுதான் வித்தியாசம்.

நாட்குறிப்புக்குள் நுழைய முடியவில்லை என்றால் எங்கள் ஊர் நாவலாசிரியர் பிரபஞ்சன் இருக்கிறார். 'மானுடம் வெல்லும்', அடுத்து 'வானம் வசப்படும்'. இரண்டாவதுக்கு 1995இல் சாகித்திய அகாதெமி. அதே பிள்ளை, அதே துரை, சதையும் ரத்தமுமாக. அங்கே ஆரம்பியுங்கள்.

ஓ.டி. வாத்தியார் திங்கள், காலை 8.15

தம்பி, உ.வே.சா.வை என் பக்கத்து ஆளாகவே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறீர்கள், நன்றி. அந்தக் கதையை ஏன் பாதியில் நிறுத்தினீர்கள்? முதலியார் கேட்ட பிறகு அவர் என்ன செய்தார்? ஏட்டை எடுத்தார், புரியவில்லை. ஜைன சமய விஷயம் எதுவும் தெரியாது. கும்பகோணத்திலேயே இருந்த ஜைனர்கள் வீட்டைத் தேடிப்போய் உட்கார்ந்து கேட்டார். புத்தகம் அச்சாகி வந்தது 1887இல். ஏழு வருடம். எனக்குப் பிடிக்கவில்லை, 140ஆம் பக்கத்தில் மூடிவிட்டேன் என்று அவர் சொல்லியிருந்தால் நமக்குச் சிந்தாமணி ஏது?

பிரபஞ்சனை நானும் மதிக்கிறேன். ஆனால் நாவலில் பிள்ளை ஒரு பாத்திரம். நாட்குறிப்பில் அவர் சில நாள் சலிப்பூட்டுகிற, தன்னைப் பற்றியே பெருமை பேசுகிற நிஜ மனிதர். அந்தச் சலிப்பையும் சேர்த்துத்தான் நான் வாங்குகிறேன்.

நைட்ஷிப்ட் திங்கள், காலை 8.31

உ.வே.சா.வுக்கு அது வேலை சார். அக்காவுக்கு அது பஸ்.

ரெயின்போ நகர் அக்கா (புதுச்சேரி) திங்கள், மதியம் 1.20

இரண்டு பக்கமும் கத்துவதைப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். எங்கள் வீடு தரைத்தளம். 2024 நவம்பர் கடைசி ராத்திரி ஃபெங்கல் புயல் வந்ததே, ஒரே நாளில் 48 செ.மீ. கொட்டியது, அன்று விடியற்காலை கட்டிலுக்குக் கீழே செருப்பு மிதக்கிற சத்தத்தில்தான் விழித்தேன். மின்சாரம் இல்லை. கையில் டார்ச். அலமாரியின் கீழ்த்தட்டு இரண்டும் தண்ணீருக்குள்.

முதலில் எதை எடுத்தேன் தெரியுமா? பாட்டியின் பைண்டிங். 1950இலிருந்து 54 வரை கல்கியில் 'பொன்னியின் செல்வன்' தொடராக வந்தபோது வாராவாரம் கிழித்துச் சேர்த்து, பைண்டு பண்ணி வைத்தது. மணியம் படங்களோடு. பின்பக்கத்தில் தலைவலித் தைல விளம்பரம் ஒன்று, அதில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற மனிதருக்குச் சின்ன வயதில் நான் மீசை வரைந்திருக்கிறேன். அதைத் தூக்கி ஃபிரிட்ஜ் மேல் வைத்துவிட்டுத்தான் ரேஷன் கார்டைத் தேடினேன். என் வீட்டுக்காரர் இன்னும் சொல்லிக் காட்டுகிறார்.

அப்புறம் ஒரு வாரம் உலர்த்தல். ஒவ்வொரு தாளுக்கும் நடுவில் பழைய பேப்பர், மேலே ஃபேன், நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை பேப்பர் மாற்ற வேண்டும். ஒன்று கவனித்தேன். வழவழ தாளில் அச்சடித்த விலை உயர்ந்த புத்தகங்கள் எல்லாம் ஒட்டிக்கொண்டு செங்கல்லாகிவிட்டன, கத்தியால்கூடப் பிரிக்க முடியவில்லை. மட்டமான பழுப்புத் தாள் ஊறி, காய்ந்து, அப்பளம் மாதிரி நெளிந்துகொண்டு பிழைத்துக்கொண்டது.

இதுவரை கேட்டால் நான் ஜன்னல்சீட்டு பக்கம் என்று தோன்றும். இல்லை. நாட்குறிப்பு என்னிடமும் நாலு தொகுதி இருந்தது. கீழ்த்தட்டில். ரிடையர் ஆன பிறகு ஆற அமரப் படிக்கலாம் என்று வைத்திருந்தேன். போய்விட்டது. படித்த புத்தகம் நனைந்ததற்கு நான் அழவில்லை. படிக்காமல் நனைந்தவைதான் இன்னும் உறுத்துகின்றன. வாத்தியார் ஐயா சொல்கிற 20 பக்கத்தை அப்போது யாராவது எனக்குச் சொல்லியிருக்கலாம்.

முத்தியால்பேட்டைக்காரன் திங்கள், மதியம் 1.44

அக்கா, ரேஷன் கார்டு கிடைத்ததா?

ரெயின்போ நகர் அக்கா திங்கள், மதியம் 1.50

கிடைத்தது. அதையும் பேப்பர் வைத்து உலர்த்தினேன்.

ஜன்னல்சீட்டு திங்கள், மாலை 7.30

அக்கா, உங்களைப் படித்ததும் கொஞ்சம் ஆடிப்போய்விட்டேன். இருந்தாலும் வாத்தியார் ஐயாவிடம் ஒன்று கேட்க வேண்டும். சலிப்பையும் சேர்த்து வாங்குகிறேன் என்கிறீர்கள். நான் காலையில் ஆறரைக்கு அடுப்பை அணைத்துவிட்டு ஓடுகிறேன். எனக்குச் சலிப்பு ஏற்கெனவே அலுவலகத்தில் சம்பளத்தோடு கிடைக்கிறது. காசு கொடுத்து வேறு வாங்க வேண்டுமா?

ஓ.டி. வாத்தியார் திங்கள், இரவு 8.55

இந்தக் கேள்விக்குப் பதில் யோசித்துக்கொண்டே சாப்பிட்டேன். சரி, ஒரு யோசனை. நாளைக்கு அந்த முதல் தொகுதியைக் கொடுத்துவிட்டு, 1748 வரும் தொகுதியைக் கேளுங்கள்.

ஏன் என்றால், அந்த வருடம் ஆகஸ்டில் போஸ்கவென் என்கிற ஆங்கிலத் தளபதி, நம் தேவனாம்பட்டினத்துச் செயின்ட் டேவிட் கோட்டையிலிருந்து புதுச்சேரியைப் பிடிக்கப் படையோடு கிளம்பினார். சில்வர் பீச்சுக்குப் போகிற வழியில் இடிந்து நிற்கிறதே, அதே கோட்டை. நீங்கள் தினமும் போகிற திசைதான் அவருக்கும். வழியில் அரியாங்குப்பத்தில் பிரெஞ்சுக்காரர்களுக்குச் சின்னதாக ஒரு கோட்டை இருந்தது. அதைத் தட்டிவிட்டுப் போய்விடலாம் என்று நினைத்து அங்கேயே மாட்டிக்கொண்டார்கள். ஆங்கிலப் படையின் மேஜர் லாரன்ஸ் அங்கேதான் பிடிபட்டார். அரியாங்குப்பத்தைத் தாண்டுவதற்கே நாள் ஓடிவிட்டது. அப்புறம் ஊரை முற்றுகை போட்டு, அக்டோபரில் மழை பிடித்துக்கொண்டதும் விட்டுவிட்டுத் திரும்பினார்கள். பிள்ளை ஊருக்குள்ளே இருந்து எழுதுகிறார். வேதபுரீசுவரர் கோயில் இடிபட்டதும் அந்த முற்றுகைக் காலத்தில்தான். அந்தப் பக்கங்களில் உங்களுக்குத் தூக்கம் வந்தால் நான் இந்த விவாதத்திலிருந்து விலகிக்கொள்கிறேன்.

முத்தியால்பேட்டைக்காரன் திங்கள், இரவு 9.01

நில்லுங்கள், நில்லுங்கள். முதல் தொகுதியிலிருந்து சில தொகுதி தாண்டிப் போகச் சொல்வது யார்? பிடிக்காவிட்டாலும் 20 பக்கம் வாத்தியாரா?

நைட்ஷிப்ட் திங்கள், இரவு 9.03

ஸ்க்ரீன்ஷாட் எடுத்தாயிற்று.

ஓ.டி. வாத்தியார் திங்கள், இரவு 9.20

எடுத்துக்கொள்ளுங்கள். வகுப்பில் சிந்தாமணியை முதல் பாட்டிலிருந்து நடத்தி 38 பையன்களைத் தூங்க வைத்தவன் நான்தான். அடுத்த வருடம் நடுவில் இருந்து ஆரம்பித்தேன், பாதிப் பேர் விழித்திருந்தார்கள். ஆனாலும் சொல்கிறேன், முதல் தொகுதிக்கு ஒரு நாள் திரும்பி வர வேண்டும் அம்மா. அதை மட்டும் விட்டுக்கொடுக்கமாட்டேன்.

ஜன்னல்சீட்டு புதன், காலை 10.05

நேற்று மதியம் ரோமன் ரோலண்ட் நூலகத்தில் போய் மாற்றி எடுத்துவிட்டேன். 1827இல் தொடங்கிய நூலகம், நான் கேட்ட தொகுதியைத் தும்மிக்கொண்டே எடுத்துக் கொடுத்தார்கள்.

இன்று காலை பஸ்ஸில் பிரித்தேன். கிருமாம்பாக்கத்தில் பூக்கார அம்மா ஏறினார். முதல் கேள்வியே "சாமி காசு குடுத்துச்சா?" குடுத்தது என்றேன். திருப்தியாகத் தலையாட்டிவிட்டு, கையில் இருந்த தடிப் புத்தகத்தைப் பார்த்து இது என்ன என்றார். வெள்ளைக்காரன் படை நம்ம கடலூரிலிருந்து இதே பக்கமாகப் புதுச்சேரிக்குப் போனது, அரியாங்குப்பத்தில் நாள் கணக்கில் நின்றுவிட்டது என்று சொன்னேன். அப்போது எங்கள் பஸ்ஸும் அரியாங்குப்பத்தில்தான் நின்றுகொண்டிருந்தது, முன்னால் ஒரு மணல் லாரி, அதற்கு முன்னால் ஒரு கல்யாண வேன்.

அவர் வெளியே எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "அப்பவே இங்க டிராஃபிக்கா?"

ஒன்பது பக்கம் முடிந்தது. கோட்டை இன்னும் விழவில்லை.