16 கோல் மட்டுமே வாங்கிய பர்ன்லி: அந்த ரெண்டு பெனால்டியைக் கழித்துவிட்டுப் பேசுங்க

வெண்ரோஜா:
பக்கத்துத் திரியில் ஒருத்தர், இங்கிலாந்து கால்பந்தின் ரெண்டாம் அடுக்கான சாம்பியன்ஷிப் பத்தி, "2024-25 சாம்பியன்ஷிப்பின் உண்மையான சாம்பியன் பர்ன்லிதான், லீட்ஸ் கையில் கோப்பை இருப்பது கணக்கு செய்த வேலை" என்று எழுதி வச்சிருக்கார். படிச்சதிலிருந்து எரிச்சல் அடங்கலை. ரெண்டு அணியும் 100 புள்ளி. லீட்ஸ் 95 கோல் போட்டு 30 வாங்கியது. பர்ன்லி 69 போட்டு 16 வாங்கியது. கோல் வித்தியாசம் லீட்ஸ்காரங்க எங்களுக்கு +65, அவங்களுக்கு +53. இதில் எது பொய்க்கணக்கு?

அந்த 16-ஐ வேதவாக்கு மாதிரித் தூக்கிட்டு வராங்க. ஜனவரி 17, பர்ன்லியின் சொந்த மைதானமான டர்ஃப் மூர், எதிரணி சண்டர்லாந்து. ஆட்டம் 0-0, கடைசி நிமிடங்களில் சண்டர்லாந்தின் வில்சன் இசிடோர் அடித்த ரெண்டு பெனால்டியையும் பர்ன்லி கீப்பர் ஜேம்ஸ் டிராஃபோர்ட் தடுத்தார். ஒன்று உள்ளே போயிருந்தாலும் பர்ன்லிக்கு 99. கோல் வித்தியாசம் பார்க்கவே வேண்டியிருந்திருக்காது.

கிளாரெட்காரன்:
எழுதியது நான்தான், ஒரு எழுத்தும் மாத்த மாட்டேன். 46 ஆட்டத்தில் 16 கோல். 30 ஆட்டத்தில் ஒன்றுகூட வாங்கலை. மீதி 16 ஆட்டத்தில் தலா ஒன்று. ஒரே ஆட்டத்தில் ரெண்டு கோல் வாங்கியது சீசன் முழுக்க ஒரு தடவைகூடக் கிடையாது. தோற்றது ரெண்டே ஆட்டம், ரெண்டும் 1-0: ஆகஸ்டில் சண்டர்லாந்து, நவம்பரில் மில்வால். அதற்கப்புறம் 33 ஆட்டம் தோல்வியே இல்லை.

நேருக்கு நேர் வந்தப்போ என்ன ஆச்சு? உங்க மைதானம் எல்லண்ட் ரோட்டில் கொலியோஷோ கோலில் 1-0 நாங்க ஜெயிச்சோம். டர்ஃப் மூரில் 0-0. ஆக 4 புள்ளி எங்களுக்கு, 1 உங்களுக்கு. 180 நிமிஷத்தில் எங்களுக்கு எதிரா ஒரு கோல் போட முடியாத அணிக்கு 95 கோல் பெருமை எதுக்கு?

வெண்ரோஜா:
நேருக்கு நேர் பார்க்கிற விதி ஸ்பெயினில். இங்கிலாந்தில் புள்ளி, அப்புறம் கோல் வித்தியாசம், அப்புறம் போட்ட கோல், அதுக்கும் பிறகுதான் நேருக்கு நேர். ஆகஸ்டிலேயே எல்லாருக்கும் தெரிஞ்ச விதி. மே மாசம் வந்து விதியை மாத்தச் சொன்னா எப்படி?

நான் கேட்ட கேள்வி பெனால்டி. அதுக்குப் பதில் வரலை.

கோட்டுக்கு வெளியே:
ஒரு சந்தேகம், "உண்மையான சாம்பியன்" என்றால் என்ன அளவுகோல்? அதை முதலில் முடிவு பண்ணிட்டால்

கிளாரெட்காரன்:
அளவுகோல் எல்லாம் அப்புறம் சார். பெனால்டிக்கு வரேன். கோல்கீப்பர் அணியில் ஒருத்தர் இல்லையா? டிராஃபோர்ட் தடுத்தால் அது அதிர்ஷ்டம், உங்க பிரூ கோல் அடித்தால் அது திறமையா? உதை விழும் நொடியில் கீப்பரின் ஒரு காலாவது கோல் கோட்டில் இருக்கணும். அந்த விதிக்குள்ளே நின்று, ஒரே ஆளின் உதையை சில நிமிஷ இடைவெளியில் ரெண்டு தடவை தடுக்கிறது லேசுப்பட்ட காரியமா? கண்ணை மூடிட்டுப் பாய்ஞ்சா ரெண்டும் கையில் வந்து விழுமா?

கறுப்புப்பூனை:
சண்டர்லாந்து பேரை இழுத்ததால வரேன். அந்த ஆட்டத்தில் கடைசியில் பர்ன்லி தன் பெட்டிக்குள்ளே ரெண்டு ஃபவுல் பண்ணிச்சு. உலக மகா தடுப்பாட்டம் ஆடுற அணி ஏன் சில நிமிஷத்துக்குள்ளே ரெண்டு பெனால்டி கொடுக்குது? அதைப் பேசுங்க.

அப்புறம் நாங்க 76 புள்ளியோடு நாலாவது வந்து, மீதி ஒரு இடத்துக்கான பிளே-ஆஃப் இறுதியில் வெம்ப்ளியில் ஷெஃபீல்ட் யுனைடெட்டை 2-1 ஜெயிச்சு மேலே போனோம். முதல் அடுக்கான பிரீமியர் லீக்குக்கு நாங்களும்தான் போனோம்.

பிளேடு_1889:
எங்களை எதுக்கு இழுக்கறீங்க? ஷெஃபீல்ட் யுனைடெட் மைதானத்தில் சம்பாதிச்சது 92. பழைய சீசனில் மத்த கிளப்புகளுக்குக் கொடுக்க வேண்டிய பணம் தாமதமானதுக்கு 2 புள்ளி வெட்டினாங்க. 16 புள்ளி பின்னாடி வந்த அணி மேலே போச்சு, நாங்க கீழேயே நின்னோம். இந்த அநியாயத்துக்கு ஒரு திரி கிடையாது, பெனால்டிக்கு ஒரு திரி!

வெண்ரோஜா:
வெட்டலைன்னாலும் 92 மூணாவது இடம்தானே. எட்டுப் புள்ளி தள்ளி நிக்கறீங்க. அழுகையை வேற திரியில் வச்சுக்கோங்க.

பிளேடு_1889:
2023-24இல் 90 எடுத்து, மூணாவது வந்து, வெம்ப்ளியில் சவுத்தாம்டனிடம் 1-0 தோத்துட்டு நீங்க எத்தனை மாசம் அழுதீங்கன்னு இங்கே எல்லாருக்கும் தெரியும்.

கிளாரெட்காரன்:
ரெண்டு பேரும் ஒதுங்குங்க, நான் முடிக்கலை.

16 எப்படி வந்ததுன்னு தெரியாதவங்களுக்காகச் சொல்றேன். பயிற்சியாளர் ஸ்காட் பார்க்கர் ஆடவச்ச அமைப்பு 4-2-3-1. எஸ்தேவ், ஈகன்-ரைலி நடு டிஃபென்ஸ். அவங்களுக்கு முன்னாடி கல்லன், லாரென்ட் ரெண்டு பேரும் இடத்தை விட்டு நகர மாட்டாங்க. ஒரு பக்க ஃபுல்-பேக் மேலே ஏறினா மறுபக்கத்துக்காரர் கீழே நிற்பார். பந்து பறிபோற நேரத்தில் பந்துக்குப் பின்னாடி எப்பவும் அஞ்சு பேர். எதிரி கவுன்டர் (எதிர்த்தாக்குதல்) அடிக்க வந்தா நடுவில் வழியே இருக்காது, ஓரத்துக்குத்தான் ஓடணும். ஓரத்திலிருந்து வர்ற கிராஸை எஸ்தேவ் தலையால் வெளியே தள்ளுவார். இதையெல்லாம் மீறி வர்றதுதான் டிராஃபோர்டுக்கு. அவர் கடைசிப் பூட்டு மட்டும்தான்.

இதையும் யோசிங்க: 2024இல் அப்போதைய பயிற்சியாளர் கொம்பனி பயர்ன் மியூனிக்குக்குப் போயிட்டார். அந்தக் கோடையில் பெர்கே, ஓடோபெர்ட், ஓஷே, முரிச் எல்லாரையும் வித்தாச்சு. மிச்சமிருந்ததை வச்சு 12 ஆட்டம் தொடர்ச்சியா கோல் வாங்காம ஆடினாங்க. மார்ச்சில் கார்டிஃப் ஒன்று போட்டாங்க, அதிலும் 2-1 நாங்கதான் ஜெயிச்சோம்.

வெண்ரோஜா:
நீங்க விவரிச்ச அதே அமைப்புதான் உங்க வியாதியும். பந்துக்குப் பின்னாடி அஞ்சு பேர் நின்றால் எதிரி பெட்டிக்குள்ளே எத்தனை பேர் போவாங்க? பிரவுன்ஹில் பின்னாலிருந்து ஓடி வந்து 18 கோல் போடலைன்னா உங்க கதி என்ன? ஃபிளெமிங் 12. இறங்கி நிற்கிற அணியை உடைக்க ஆள் இல்லாமல் 16 டிரா. நீங்க வாங்கின கோலும் 16, செஞ்ச டிராவும் 16. ஒன்றுக்குக் கொடுத்த விலை இன்னொன்று.

எங்களுக்கும்தான் கிரே, சமர்வில், ருட்டர் மூணு பேரையும் ஒரே கோடையில் வித்தாங்க. அதுக்கப்புறம் 95.

பெனால்டி ரெண்டு. மறக்க வேண்டாம். 16 இல்லை, 18.

கிளாரெட்காரன்:
95-இல் கார்டிஃபுக்கு 7, ஸ்டோக்குக்கு 6. ரெண்டே ஆட்டத்தில் 13. வித்தியாசம் நமக்குள்ளே 12. சோர்ந்துபோன ரெண்டு அணியை அடிச்ச அடியில் கோப்பை வந்திருக்கு.

வெண்ரோஜா:
கார்டிஃபை நீங்க 5-0, பிளிமத்தை 5-0 அடிச்சீங்களே, அது யாரோட கணக்கில்? அப்போ அவங்க சோர்வா இல்லையா?

கோட்டுக்கு வெளியே:
பழைய கணக்கு ஒன்று. 46 ஆட்ட சீசனில் கில்லிங்கம் 1995-96இல் 20 கோல் மட்டும் வாங்கியது. அது நாலாம் அடுக்கு. பர்ன்லி அதையும் தாண்டியது. அதே சமயம் கில்லிங்கமும் ரெண்டாவதுதான் வந்தது, கோப்பை பிரெஸ்டனுக்கு. கதவை மட்டும் பூட்டினால் ரெண்டாம் இடம் என்பதுக்கு ரெண்டு சாட்சி.

கிளாரெட்காரன்:
சாட்சி சொல்றவர் பாதி சொல்லக் கூடாது சார். லிவர்பூல் 1978-79இல் 42 ஆட்டத்தில் 16 வாங்கிச்சு, சாம்பியன். செல்சி 2004-05இல் 38 ஆட்டத்தில் 15, சாம்பியன். ஆட்டத்துக்கு இத்தனைன்னு வகுத்துப் பாருங்க: செல்சி 0.39, லிவர்பூல் 0.38, பர்ன்லி 0.35.

கோட்டுக்கு வெளியே:
அந்த லிவர்பூல் 85 கோலும் போட்டதே. உங்களது 69, அதுவும் நாலு ஆட்டம் கூடுதலா ஆடி. தவிர, முதல் அடுக்கையும் ரெண்டாம் அடுக்கையும் ஒரே தராசில் வைக்கிறது சரியா?

கறுப்புப்பூனை:
ரெண்டு பெனால்டி ஏன் கொடுத்தாங்கன்னு இன்னும் பதில் வரலை.

கிளாரெட்காரன்:
கொடுத்தா என்ன, கோல் ஆச்சா? ஆகலை. 0-0. பதிவேட்டில் அதுதான் இருக்கு.

சரி, உங்க வாதத்தையே எடுத்துக்கறேன். ஒன்று கோல் ஆச்சு, எங்களுக்கு 99 என்றே வைப்போம். மே 3, பிளிமத். 90 நிமிஷம் முடிஞ்சப்போ லீட்ஸ் 1-1. நாங்க மில்வாலை 3-1 ஜெயிச்சோம். மானர் சாலமன் 91வது நிமிஷத்தில் போடலைன்னா லீட்ஸ் 98-இல் நிக்குது. 99 பெரிசா 98 பெரிசா? அந்தப் பெனால்டி உள்ளே போயிருந்தாலும் கோப்பை டர்ஃப் மூருக்குத்தான். அதிர்ஷ்டத்தைக் கழிக்கணும்னா ரெண்டு பக்கமும் கழிங்க.

வெண்ரோஜா:
இஞ்சுரி டைமில் கோல் போடுறது அதிர்ஷ்டமா? கடைசி நிமிஷம் வரை ஜெயிக்கப் பார்த்த அணிக்கு அது கிடைச்சுது. பிப்ரவரியில் சண்டர்லாந்துக்கு எதிராவும் அப்படித்தான். ராத்வெல் தூக்கிக் கொடுத்த பந்தில் பாஸ்கல் ஸ்ட்ரைக் ரெண்டு தடவை தலையால் அடிச்சு 2-1. பயிற்சியாளர் ஃபார்க்கே நார்விச்சோடு ரெண்டு, இது மூணாவது சாம்பியன்ஷிப் கோப்பை. இதெல்லாம் தற்செயலா வராது.

பிளேடு_1889:
கடைசி நிமிஷத்தில் வாங்கினதையும் சொல்லுங்களேன். அக்டோபரில் சண்டர்லாந்தில் உங்க கீப்பர் மெஸ்லியேவைத் தாண்டிக் குதிச்சுப் போன பந்து, 2-2. மார்ச்சில் ஸ்வான்சி, 2-2. கீப்பரை மாத்தவே ஏப்ரல் வரை ஆச்சு.

வெண்ரோஜா:
மாத்தினோம், டார்லோ வந்தார், லூட்டனோடு டிரா, அப்புறம் வரிசையா ஆறு ஆட்டம் ஜெயிச்சோம். சீசன் முழுக்க நாலு தோல்வி, நாலும் 1-0.

பிளேடு_1889:
பிப்ரவரியிலேயே மாத்தியிருந்தா இந்தத் திரியே கிடையாது. அதை ஒத்துக்கறீங்க, அப்படித்தானே?

வெண்ரோஜா:
நான் எதையும் ஒத்துக்கலை. மெஸ்லியே வாங்கினதையும் சேர்த்துத்தான் 30. 95-இல் 30 போனால் 65.

கிளாரெட்காரன்:
பார்த்தீங்களா, கீப்பர் சொதப்பினா அது அணியோட கணக்கில். எங்க கீப்பர் தடுத்தா மட்டும் அது தனிக்கணக்கு, 18-ன்னு எழுதணுமாம். ரெண்டாம் அடுக்கில் 100 புள்ளி எடுத்து ரெண்டாவது வந்த அணி இதுக்கு முன்னாடி கிடையாது. 2022-23இல் 101 புள்ளியோடு நாங்களே கோப்பை தூக்கினோம்.

கறுப்புப்பூனை:
101 எடுத்துட்டு மேலே போய் என்ன பண்ணீங்க? 24 புள்ளி, அடுத்த மே மாசம் திரும்பக் கீழே.

கிளாரெட்காரன்:
அது கொம்பனி அணி. 35 கோல் வாங்கின அணி. பார்க்கர் வேற. ஃபுல்ஹாம், போர்ன்மவுத், பர்ன்லின்னு மூணு கிளப்பை மேலே ஏத்தினவர். 46 ஆட்டம், 16 கோல். மறுக்கிறவங்க முதல்ல இந்த எண்ணை விடக் குறைவா வாங்கின 46 ஆட்ட அணி ஒன்றைக் காட்டுங்க.

வெண்ரோஜா:
18.

கிளாரெட்காரன்:
16.

கோட்டுக்கு வெளியே:
அந்த ரெண்டு பெனால்டியில் முதலாவது ஃபவுலே இல்லைன்னு நினைக்கிறவங்க இங்கே யாராவது இருக்கீங்களா?

கறுப்புப்பூனை:
யார் சொன்னது? வாங்க, அதைப் பேசலாம்.