இயந்திர அதிர்வியில் மேற்பொருந்தல்: வெறும் கலவை இல்லை என்று எப்படி உறுதி செய்வது?

கேள்வி:
2010-இல் சான்டா பார்பராவில் கிளிலாண்ட், மார்ட்டினிஸ் குழுவினர் அலுமினியம் நைட்ரைடு அதிர்வி (அதிரும் நுண்ணிய தகடு) ஒன்றை 0 ஃபோனான், 1 ஃபோனான் (ஃபோனான் என்பது அதிர்வாற்றலின் மிகச்சிறு துணுக்கு) என்ற இரண்டின் மேற்பொருந்தலில், அதாவது இரண்டு நிலைகளும் ஒருங்கே இருக்கும் குவாண்டம் நிலையில், வைத்தார்கள். அளந்தால் பாதி முறை 0, பாதி முறை 1. பாதிக்குப் பாதி சாதாரணக் கலவையாக (ஒவ்வொரு முறையும் 0 அல்லது 1, எது என்று நமக்குத் தெரியாது, அவ்வளவுதான்) இருந்தாலும் இதே விடைதானே வரும்? இன்னொன்று, 10 மெகாஹெர்ட்ஸ் அதிர்வியை 25 மில்லிகெல்வினில் வைத்தால் அதன் வெப்ப அதிர்வு அடங்கப் போதாதா?

பதில் 1:
இரண்டாவதை முதலில் முடித்துவிடலாம். போதாது. ஒரு ஃபோனானின் ஆற்றலை வெப்பநிலையாக மாற்றினால் 1 கிகாஹெர்ட்ஸுக்கு 48 மில்லிகெல்வின் என்று மனதில் வையுங்கள்; வெப்பநிலை அதைவிட நன்றாகக் குறைந்தால்தான் அதிர்வு அடங்கும். அவர்களுடைய அதிர்வி 6 கிகாஹெர்ட்ஸ், அதாவது 288 மில்லிகெல்வின். 25-க்கு இறக்கினால் தானே அடங்கிவிடும். 10 மெகாஹெர்ட்ஸ் என்றால் 0.48 மில்லிகெல்வின்தான். 25-இல் சுமார் 50 ஃபோனான் மிச்சம் இருக்கும். அதனால்தான் 2011-இல் போல்டரில் 15 மைக்ரான் அலுமினிய முரசை மைக்ரோவேவால் தனியாகக் குளிர்வித்து 0.34 ஃபோனானுக்குக் கொண்டுவந்தார்கள். குளிர்கலன் காட்டும் வெப்பநிலையை மட்டும் நம்பவும் கூடாது. கேபிள் வழியே அறைவெப்பத்தின் இரைச்சல் இறங்கும். 4 கெல்வின் தட்டிலும் கடைசித் தட்டிலும் ஆட்டென்யுவேட்டர் (சைகையையும் இரைச்சலையும் தணிக்கும் உறுப்பு) கட்டாயம்.

பதில் 2:
முதல் கேள்விதான் முக்கியமானது. 50 சதவீதம் எதையும் நிரூபிக்காது, கட்டம்தான் (ஃபேஸ், அதாவது இரு நிலைகளின் அலைகளும் ஒன்றுக்கொன்று எவ்வளவு முன்பின்னாக உள்ளன என்பது) சாட்சி.

அதிர்வியின் ஆற்றல் படிகள் சம இடைவெளி கொண்டவை. நேரடியாக மைக்ரோவேவ் கொடுத்தால் சாதாரண ஊசலாட்டம்தான் கிடைக்கும். அதனால் வேலையை அதிர்வியோடு இணைத்த கியூபிட்டிடம் (0, 1 என்ற இரு நிலைகளை மட்டும் பயன்படுத்தும் குவாண்டம் மின்சுற்று) கொடுக்க வேண்டும். கியூபிட்டுக்குப் பாதித் துடிப்பு (0-இலிருந்து 1-க்கு மாற்றும் மைக்ரோவேவ் துடிப்பில் பாதி; இது மேற்பொருந்தலை உருவாக்கும்) கொடுங்கள். அதன் அதிர்வெண்ணை அதிர்வியோடு பொருத்தி, நிலை முழுக்கக் கைமாறியதும் விலக்குங்கள். சற்றுக் காத்திருந்து திரும்ப எடுங்கள். இரண்டாவது பாதித் துடிப்பு கொடுத்து அளங்கள். காத்திருக்கும் நேரத்தை மாற்ற மாற்ற விடை அலை அலையாக ஏறி இறங்கினால் மேற்பொருந்தல். கலவை என்றால் 50-லேயே தட்டையாகக் கிடக்கும்.

கைமாற்ற நேரம் பிசகினால் நிலையில் ஒரு பங்கு கியூபிட்டிலேயே தங்கி அலையின் உயரம் குறையும். முதலில் கியூபிட்டை 1-இல் வைத்து அந்த நேரத்தை அளந்துகொள்ளுங்கள். 2010 அதிர்வியின் ஆயுள் சுமார் 6 நானோநொடிதான், தாமதிக்க இடமே இல்லை.

கேள்வி கேட்டவர்:
தெளிவாகிவிட்டது, நன்றி. 2023-இல் சூரிக்கில் செய்த 16 மைக்ரோகிராம் 'பூனை நிலை' (எதிரெதிராக அசையும் இரு அதிர்வுகளின் மேற்பொருந்தல்) இதைவிடப் பெரியதுதானே?

பதில் 2:
நிறையில் பெரியது, இரு நிலைகளுக்கும் நடுவே உள்ள இடைவெளியில் மிகச் சிறியது. அது சஃபையர் படிகத்துக்குள் ஓடும் சுமார் 6 கிகாஹெர்ட்ஸ் ஒலியலை. 16 மைக்ரோகிராமுக்குச் சுழிநிலை அசைவை (ஃபோனானே இல்லாதபோதும் எஞ்சும் குவாண்டம் அசைவு) கணக்கிட்டால் ஏறத்தாழ 3×10⁻¹⁹ மீட்டர் வரும். புரோட்டானின் ஆரமே 8.4×10⁻¹⁶ மீட்டர்! பூனையின் இரு பாதிகளும் இதைப் போலச் சில மடங்குதான் விலகியிருக்கும். விலக்கத்தை இரட்டித்தால் நிலை நான்கு மடங்கு வேகமாகக் கலையும், அதனால் அகலப்படுத்துவது மிகவும் கடினம். அங்கும் சாட்சி கட்டம்தான்: விக்னர் வரைபடத்தில் (நிலையை இடம், உந்தம் இரண்டின் தளத்தில் காட்டும் படம்) பூனையின் பாதிகளைக் குறிக்கும் இரு மேடுகளுக்கு நடுவே எதிர்மதிப்புக் கோடுகள் தெரிய வேண்டும். மேடுகள் மட்டும் தெரிந்தால் அது கலவை.