உதவி: பர்மாவுல சல்வீன் பாலம் ஏறும்போது மோட்டார் சைக்கிள் அடங்கி நின்னு போகுது, அவசரம்

முடோன் 125
எல்லாருக்கும் வணக்கம். போன்ல சார்ஜ் கம்மி, கரன்ட் ராத்திரிதான் வரும், அதனால சுருக்கமா எழுதுறேன். வண்டி இழுக்கல. மோல்மீன் தாண்டி பாலம் ஏறும்போது சக்தி குறைஞ்சு நின்னே போகுது. பிளக் புதுசு போட்டாச்சு. ஏர் பில்டர் கழுவியாச்சு. பெட்ரோலையும் காத்தையும் கலக்குற கார்புரேட்டரைக் கழட்டி ஊதியாச்சு. அப்படியேதான் இருக்கு. வெள்ளிக்கிழமை ஆடிக்கு மொத்தமா கோயிலுக்குப் பூ கொண்டு போகணும். வேற என்ன பார்க்கலாம்? கடையில விட்டா ஒரு வாரம் பிடிச்சு வெச்சுக்குவாங்க.

மழைவண்டி
தம்பி, என்ன வண்டி? 125னு பேர்ல இருக்கு, அதைத் தவிர ஒண்ணும் சொல்லலையே. ஜப்பானா, தாய்லாந்துலேர்ந்து வந்ததா, சீனாவா? எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கு? நின்ன பிறகு உடனே ஸ்டார்ட் ஆகுதா, ஆற விடணுமா?

தட்டோன் ரப்பர்
பெட்ரோல்ல தண்ணி. யோசிக்கவே வேணாம். மோன் பக்கம் மழைக்காலத்துல ரோட்டோரம் பாட்டில்ல வாங்கி ஊத்துற எல்லாருக்கும் இதேதான். கார்புரேட்டர் கிண்ணத்துக்கு அடியில ஒரு சின்ன ஸ்க்ரூ இருக்கும். அதைத் தளர்த்தி கண்ணாடி பாட்டில்ல பிடிச்சுப் பாருங்க. கொஞ்ச நேரம் அசையாம வெச்சா தண்ணி அடியில தனியா நிக்கும், பெட்ரோல் மேல மிதக்கும். தண்ணி தெரிஞ்சா டேங்கையும் காலி பண்ணணும், கிண்ணத்தை மட்டும் வடிச்சா மறுநாளே திரும்ப வரும். எனக்கு ரப்பர் ஷீட் ஏத்திக்கிட்டுப் போறப்போ இதேதான் ஆச்சு.

ரங்கூன் சீனியர்
இங்கே பல வருடமாகச் சொல்லிக்கொண்டு வருகிறேன். முதலில் அறிகுறி, பிறகு சோதனை, கடைசியில்தான் பாகம் மாற்றுவது. இந்தத் தம்பி தலைகீழாகச் செய்திருக்கிறார். பிளக் மாற்றினீர்கள், சரி, பழைய பிளக்கின் நிறம் என்ன? கரி படிந்து கறுப்பா, வெளுத்துப் போயிருந்ததா, இளம் பழுப்பா? அந்த நிறம் பாதி விடையைச் சொல்லியிருக்கும். தூக்கிப் போட்டிருப்பீர்கள். ஏர் பில்டர் கழுவினேன் என்கிறீர்கள். பஞ்சா, காகிதமா? காகிதத்தைக் கழுவினால் அது முடிந்தது, புதிது வாங்க வேண்டும். இந்த அடிப்படை தெரியாமல் கார்புரேட்டரைத் திறப்பது தவறு.

என் கணிப்பு இக்னிஷன் காயில், அதாவது பிளக்குக்கு மின்சாரம் அனுப்பும் கம்பிச் சுருள். சூடானால் உள்ளே கம்பி விட்டுப் போகும், ஆறினால் சேரும்.

டவுங்ஜி மலைப்பாதை
மெயின் ஜெட் அளவு பாருங்க, கார்புரேட்டர்ல பெட்ரோல் போற சின்ன ஓட்டை அது. எங்க ஊர் 1400 மீட்டர் உயரம், கீழே ஓடின வண்டியை மேலே கொண்டு வந்தா பெட்ரோல் கூடிப் போய் இருமும். ஒரு நம்பர் சின்ன ஜெட் போட்டா சரியாகும். மலைன்னாலும் பாலம்னாலும் ஏத்தம் ஏத்தம்தானே.

மழைவண்டி
அண்ணே, பாலம் ஏத்தம்தான், ஆனா மோல்மீன் கடல் மட்டத்துல இருக்கு. ஜெட் மாத்தினா இருக்கிற பெட்ரோலும் குறைஞ்சு இன்ஜின் சூடாகும். தம்பி, அதை மட்டும் செய்யாதீங்க.

பெகு பட்டறை
தம்பி, நான் வீட்டுக்காரரோட பட்டறையில வால்வு, கிளட்ச் வேலை பார்க்கிறவ. நாலு விஷயம் மட்டும் சொல்லுங்க, மத்ததை அப்புறம் பார்க்கலாம்.

நிக்கிறப்போ இன்ஜின் சத்தம் ஏறி வேகம் ஏறாம இருக்கா, இல்ல சத்தமும் சேர்ந்து இறங்குதா? சத்தம் ஏறி வண்டி போகலைன்னா கிளட்ச் வழுக்குது. ரெண்டும் இறங்குதுன்னா பெட்ரோலோ, தீப்பொறியோ, காத்தோ வரல.

பாலத்துல மட்டும்தானா, சம ரோட்ல முழுசா முறுக்கினாலும் வருமா?

எவ்வளவு பாரம்?

டேங்க் நிறைய இருக்கிறப்போ சீக்கிரம் நிக்குதா, குறைவா இருக்கிறப்போவா? இதை யாரும் கவனிக்க மாட்டாங்க, ஆனா எனக்கு இதுதான் முக்கியம்.

முடோன் 125
சீனா வண்டி, கார்புரேட்டர், சீட்டுக்கு அடியில டேங்க், கிளட்ச் கைப்பிடி கிடையாது. சத்தமும் சேர்ந்து இறங்குது. முடோன்லேர்ந்து மோல்மீன் வரைக்கும் மெதுவா போனா வரும். பாலத்துல முழுசா முறுக்கினா நிக்கும். ஓரமா நிறுத்தி ஒரு டீ குடிக்கிற நேரம் விட்டா ஸ்டார்ட் ஆகும். ரெண்டு கூடை பூ, பின்னாடி அம்மா. பழைய பிளக் நிறம் ஞாபகம் இல்ல.

ரங்கூன் சீனியர்
ஆறினால் ஸ்டார்ட் ஆகிறது என்று அவரே சொல்லிவிட்டார். காயில்தான். வேறு விவாதம் தேவையில்லை.

தட்டோன் ரப்பர்
கிண்ணத்துல தண்ணி இருந்தாலும் நிறுத்தி வெச்சா அடியில இறங்கிட்டு ஸ்டார்ட் ஆகும். முதல்ல வடிச்சுப் பார்க்கச் சொல்லுங்க, காயிலுக்குக் காசு செலவு பண்ண வைக்காதீங்க.

தாவாய் ரோடு
ஆக்டேன் எண் 92 உள்ள பெட்ரோல் போடுறீங்களா 95ஆ? நான் 95க்கு மாறினதுலேர்ந்து ஏத்தமே தெரியல. முதல்ல அதை மாத்திப் பாருங்க.

மழைவண்டி
95 போட்டா இழுவை கூடும்ங்கிறது தப்பு. அந்த எண் பெட்ரோல் தானா வெடிச்சுத் தட்டாம எவ்வளவு அழுத்தம் தாங்கும்ங்கிறதுக்குத்தான். இந்தச் சின்ன இன்ஜின்ல கம்ப்ரெஷன் ஒன்பதுக்கு ஒண்ணுகிட்டதான், 92 தாராளமாப் போதும். ஏத்தத்துல டக் டக்னு உலோகம் தட்டுற சத்தம் வந்தாத்தான் 95 பத்திப் பேசணும்.

தாவாய் ரோடு
படிச்சதைச் சொல்றீங்க, நான் ஓட்டினதைச் சொல்றேன். வித்தியாசம் கையில தெரியுது.

மழைவண்டி
95 விக்கிற பங்க்ல பெட்ரோல் சுத்தமா இருந்திருக்கும், முன்னாடி பாட்டில்ல வாங்கினீங்கன்னா. வித்தியாசம் அதுலேர்ந்து வந்திருக்கலாம்.

ரங்கூன் சீனியர்
ஆக்டேன் பற்றி இங்கே ஏற்கெனவே விளக்கியிருக்கிறேன். பெட்ரோல் பங்கில் யாரோ சொன்னதை அனுபவம் என்று எழுதுவதால்தான் இங்கே தரம் குறைகிறது.

தாவாய் ரோடு
ஐயா, ரங்கூன்ல 2003லேர்ந்து மோட்டார் சைக்கிள் ஓட்டவே விடல. நீங்க எங்க ஓட்டிப் பார்த்துச் சொல்றீங்க? தினமும் மழையில ஓட்டுறவங்க நாங்க.

ரங்கூன் சீனியர்
தடை வருவதற்கு முன் நான் பிரித்துப் பூட்டிய இன்ஜின்கள் உங்கள் தெருவில் உள்ள வண்டிகளை விட அதிகம். தடை வந்தபோது எத்தனை மெக்கானிக்குகள் தொழில் மாற்றினார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. வீட்டில் இருந்த நல்ல வண்டிகளை வந்த விலைக்கு வெளியூருக்கு விற்றோம். இன்று பெகுவிலும் தட்டோனிலும் ஓடும் பழைய வண்டிகளில் சில எங்கள் கையில் இருந்து வந்தவை. ஆகவே அந்தப் பேச்சு வேண்டாம்.

தட்டோன் ரப்பர்
அது உண்மைதான். எங்க அப்பா வாங்கின வண்டி ரங்கூன்லேர்ந்து வந்ததுதான், நல்லாப் பராமரிச்சு வெச்சிருந்தாங்க. ரெண்டு பேரும் விடுங்க.

டவுங்ஜி மலைப்பாதை
தடை சரியா தப்பான்னு தனியாப் பேசலாம். ஆனா ரங்கூன்ல நடந்து போறவங்க நிம்மதியா ரோட்டைக் கடக்கிறாங்க, எங்க ஊர்ல பள்ளிக்கூடம் விடுற நேரம் பார்த்தா பயமா இருக்கு.

தாவாய் ரோடு
பஸ்ல தொங்கிட்டுப் போறவங்ககிட்ட நிம்மதியான்னு கேட்டுப் பாருங்க.

பெகு பட்டறை
எல்லாரும் பெரியவங்க, கோவிச்சுக்காதீங்க, அந்தப் பிள்ளைக்கு வெள்ளிக்கிழமை வேலை இருக்கு.

தம்பி, டேங்க் கேள்விக்கு மட்டும் பதில் வரல. ஏன் கேட்கிறேன்னா, டேங்குலேர்ந்து பெட்ரோல் இறங்க இறங்க அந்த இடத்துக்குக் காத்து உள்ள போகணும். அதுக்கு மூடியில ஒரு சின்ன வழி இருக்கும். அது அடைச்சுக்கிட்டா உள்ள காத்தழுத்தம் குறையும். உங்க வண்டியில டேங்குக்கும் கார்புரேட்டருக்கும் உயரம் சுமாரா ஒரு அடிதான். அந்த ஒரு அடி பெட்ரோலோட எடைதான் கீழே தள்ளுற மொத்த பலம். கணக்குப் போட்டா அது காத்தழுத்தத்துல சுமாரா ரெண்டு சதவீதம்தான் வரும். அவ்வளவு குறைஞ்சாலே பெட்ரோல் நின்னுரும்.

மெதுவாப் போறப்போ கொஞ்சம்தான் செலவாகும், இண்டு இடுக்குல நுழையிற காத்து ஈடுகட்டிடும். முழுசா முறுக்கி, ரெண்டு கூடையும் அம்மாவும் வெச்சுப் பாலம் ஏறினா ஈடுகட்ட முடியாது. டீ குடிக்கிற நேரத்துல காத்து மெதுவா உள்ள போயிரும், ஸ்டார்ட் ஆகும். காயில் ஆறினதுனாலன்னு நினைக்கத் தோணும். டேங்க் நிறைய இருந்தா மேல காத்து இருக்கிற இடம் சின்னது, அதனால சீக்கிரமே நிக்கும். காயில் கெட்டிருந்தா டேங்க் அளவுக்கும் அதுக்கும் சம்பந்தமே இருக்காது. அதுதான் ரெண்டையும் பிரிக்கிற கேள்வி.

சோதனை சுலபம். அடுத்த தடவை நிக்கிறப்போ ஆற விடாதீங்க. உடனே சீட்டைத் தூக்கி மூடியைத் திறங்க. உஸ்னு காத்து உள்ள போகுதான்னு கேளுங்க. கொஞ்சம் பொறுத்து, கிண்ணம் நிறைஞ்சதும் கிக்கரை உதைங்க. ஸ்டார்ட் ஆனா மூடிதான். ஆகலைன்னா மூடியை இறுக்கி மூடிட்டு, அதுக்கப்புறம் பிளக்கைக் கழட்டி இன்ஜின் மேல வெச்சுப் பொறி வருதான்னு பாருங்க. மூடி திறந்திருக்கிறப்போ பொறி பார்க்கவே கூடாது.

ரங்கூன் சீனியர்
அம்மா சொன்ன சோதனை சரியான முறை. ஆனால் பொறி நீலமாகப் பளிச்சென்று வர வேண்டும். மஞ்சளாக, மெலிதாக வந்தால் காயில் பக்கம்தான். வால்வு இடைவெளியும் பார்க்கட்டும். இந்த வகைச் சின்ன இன்ஜின்கள் பலவற்றுக்கு ஆறிய நிலையில் 0.05 மி.மீ., வண்டியின் புத்தகத்தில் வேறு அளவு இருந்தால் அதுதான் செல்லும். இன்ஜின் சக்கரத்தில் உள்ள அடையாளக் கோட்டை வெறுமனே பொருத்தினால் போதாது, பிஸ்டன் அழுத்தும் வீச்சின் உச்சியில் இருக்கிறதா என்று வால்வை அமுக்கும் ராக்கரை ஆட்டிப் பார்த்து உறுதி செய்ய வேண்டும்.

பெகு பட்டறை
வால்வு இடைவெளி இல்லாமப் போனா காலைல ஸ்டார்ட் ஆகவே கஷ்டப்படும், முறுக்காம ஓட விட்டா இன்ஜின் ஓட்டமும் ஆடும். தம்பி அப்படி ஒண்ணும் சொல்லல. அதனால அது ரெண்டாவது.

மழைவண்டி
அக்கா சொன்னதோட ஒண்ணு. பெட்ரோல் குழாயைக் கார்புரேட்டர் பக்கம் கழட்டி பாட்டில்ல விட்டுப் பாருங்க. மூடி மூடியிருக்கிறப்போ தாரை மெலிஞ்சுக்கிட்டே வந்து நின்னா, திறந்ததும் பழையபடி கொட்டினா, பாலத்துக்குப் போகாமலே வீட்லயே தெரிஞ்சுரும். பெட்ரோல் வால்வு இன்ஜின் உறிஞ்சுறதுல திறக்கிற மாதிரின்னா மட்டும் இது வேலை செய்யாது. இன்ஜின் ஆறி இருக்கட்டும், பக்கத்துல அடுப்பு, விளக்கு, மெழுகுவத்தி ஒண்ணும் கூடாது. கரன்ட் இல்லாத ஊர், அதனால சொல்றேன். பகல்லயே பண்ணிடுங்க.

தாவாய் ரோடு
தம்பி எங்க? மூடி எப்பயாவது மாத்தினாரா?

தட்டோன் ரப்பர்
என் கணிப்பு இன்னும் தண்ணிதான்.

முடோன் 125
மூடி மாத்தல. மழைக்குத் தண்ணி இறங்குதுன்னு ஒரு கடையில மூடிக்குள்ள டியூப் ரப்பர் வெட்டிப் போட்டுக் கொடுத்தாங்க. அதுக்கப்புறம் தண்ணி இறங்கல. டேங்க் நிறைச்சா சீக்கிரம் நிக்குதுதான்.

மழைவண்டி
எப்போ போட்டாங்க? நிக்க ஆரம்பிச்சதுக்கு முன்னயா பின்னயா?

பெகு பட்டறை
ரப்பரைப் பிடுங்குங்க தம்பி. இப்பவே. மூடி உள்பக்கத்துல ஒரு சின்னப் பள்ளமோ ஓட்டையோ இருக்கும், ரப்பர் அதை மூடியிருக்கும். ஊசியால குத்திச் சுத்தம் பண்ணி, வாயால ஊதிப் பாருங்க.

ரங்கூன் சீனியர்
பள்ளத்துக்கு நேராக வெட்டு விட்ட வாஷர் என்றால் சிக்கல் வந்திருக்காது. டியூப் ரப்பர் பெட்ரோலில் ஊறிப் பெருக்கும். அதுவும் சேர்ந்து அடைத்திருக்கும். பெட்ரோல் தாங்கும் ரப்பர்தான் போட வேண்டும்.

டவுங்ஜி மலைப்பாதை
அப்போ ஜெட் மாத்த வேணாம். ஆனா தம்பி எப்பயாவது மலைப்பக்கம் வந்தா சொல்லுங்க, ஜெட் எந்த நம்பர்னு சொல்றேன்.

தாவாய் ரோடு
92லயே ஓட்டட்டும், பரவாயில்ல. ஆனா பங்க்ல வாங்கச் சொல்லுங்க.

முடோன் 125
ரப்பர் எடுத்தாச்சு. பாலம் ஏறிருச்சு, அம்மாவும் கூடையும் இருந்தாங்க. நன்றி அக்கா, நன்றி எல்லாருக்கும். சார்ஜ் போகுது.

தட்டோன் ரப்பர்
நல்லது தம்பி. கிண்ணத்தையும் ஒரு தடவை வடிச்சுருங்க. ரப்பரை எடுத்துட்டீங்க, இனிமே மழைத்தண்ணி இறங்கும்.

பெகு பட்டறை
அவர் சொல்றது சரி. மூடியில கம்பெனி வாஷர் காஞ்சு வெடிச்சிருக்கும், அதனாலதான் முதல்ல தண்ணி இறங்கியிருக்கு. உங்க மூடிக்கான வாஷரையே கேட்டு வாங்குங்க, கிடைக்கலைன்னா மூடியோட சேர்த்து வாங்கலாம், விலை அதிகமில்ல. வாங்குறப்போ கடையிலயே ஊதிப் பாருங்க, காத்து உள்ள போற பக்கம் வழி விடணும். சீட்டுக்கு அடியில தண்ணி தேங்குற இடத்துல வடிகால் ஓட்டையும் இருக்கும், அதுல சேறு அடைச்சிருந்தா மூடியைச் சுத்தித் தண்ணி நிக்கும். அதையும் குத்தி விடுங்க. கழுவின ஏர் பில்டர் காகிதமா பஞ்சான்னு இன்னும் நீங்க சொல்லவே இல்ல தம்பி. காகிதம்னா வெள்ளிக்கிழமைக்கு முன்னாடி மாத்திருங்க.