காரப்பள்ளத்தில் நிற்கும் மஞ்சள் ஏற்றிய லாரி

குழு: நம் வீட்டார்

தம்பி (வண்டி), மாலை 6:31
அக்கா, காரப்பள்ளம் சோதனைச் சாவடிக்குச் சற்று முன்னாலேயே நிறுத்திவிட்டார்கள். ஆறு மணிக்குத் தடுப்பை இறக்கியாகிவிட்டது. இனிக் காலையில்தான். ஈரோட்டுக்கு வரும் மஞ்சள் 140 மூட்டை அப்படியே நிற்கிறது.

பெரியப்பா, 6:33
சாமராஜநகரை எத்தனை மணிக்கு விட்டாய்?

தம்பி (வண்டி), 6:40
ஐந்தேகால் பெரியப்பா. பாரம் ஏற்றும் ஆட்கள் வரத் தாமதம். ஒன்பது மணி வரை நேரம் இருக்கிறதே என்று நானும் அவசரப்படுத்தவில்லை.

பெரியப்பா, 6:41
ஒன்பதா? அதை யார் சொன்னது?

தம்பி (வண்டி), 6:47
மூன்று மாதமாகக் குண்டல்பேட்டை, கூடலூர்ப் பாதையில்தானே ஓட்டினேன். பந்திப்பூரில் ஒன்பதுக்குத்தான் மூடுவார்கள். இங்கேயும் அதுதான் என்று இருந்துவிட்டேன். வழியில் பலகை ஏதும் இருந்திருந்தாலும் நான் கவனிக்கவில்லை.

மாமா, 6:49
மாப்பிள்ளை, அது கர்நாடகம் போட்ட மணி. நீ நிற்கும் திம்பம் மலைப்பாதைக்கு நம் பக்கம் போட்ட மணி. காடு ஒன்றுதான், கடிகாரம்தான் இரண்டு.

நான், 6:52
மாமா சொல்வது சரி. காட்டு விலங்குகளுக்காகப் பந்திப்பூரில் இரவுத் தடை 2009இல் வந்தது. இரவு 9 முதல் காலை 6 வரை. திம்பத்தில் சரக்கு வண்டிகளுக்கு மாலை 6க்கே தடை தொடங்கிவிடும். 2022 பிப்ரவரியிலிருந்து சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி கண்டிப்பாக நடக்கிறது. பகலிலும் 16.2 டன்னுக்கு மேல் ஏறக் கூடாது. எடை எவ்வளவு வைத்திருக்கிறாய்?

தம்பி (வண்டி), 6:58
மஞ்சள் மட்டும் ஒன்பது டன் சொச்சம். வண்டியோடு சேர்த்தும் கணக்குக்குள்தான் இருக்கிறது. எடைச் சீட்டு கையில் இருக்கிறது. எடை தப்பவில்லை அக்கா, மணிதான் தப்பிவிட்டது.

பாலக்காட்டு அத்தை, 7:01
கண்ணு, பக்கத்தில் கரும்பு லாரி நின்றால் தள்ளி நிறுத்து. அந்த இடத்தில் கரும்புக்கு யானை வந்து நிற்பதைத் தொலைக்காட்சியில் பார்த்திருக்கிறேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படு. கீழே இறங்காதே.

தம்பி (வண்டி), 7:10
எனக்கு முன்னால் இரண்டாவதே கரும்புதான் அத்தை. 😐

மாமா, 7:11
மஞ்சளை யானை தொடாது. கவலையை விடு.

அப்பா, 7:20
⏩ பலமுறை பகிரப்பட்டது
நாடு முழுவதும் எல்லைச் சோதனைச் சாவடிகள் எல்லாம் அடியோடு நீக்கம்! இனி எந்த வண்டியையும் எவரும் நிறுத்த முடியாது! அனைவருக்கும் பகிருங்கள்!

நான், 7:24
அப்பா, இது அரைகுறைச் செய்தி. 2017 ஜூலை 1இல் ஜிஎஸ்டி வந்தபோது எடுக்கப்பட்டவை வணிக வரிச் சாவடிகள். முதல் சில நாட்களிலேயே 22 மாநிலங்கள் எடுத்துவிட்டன. வனத்துறைக்கும் போலீசுக்கும் போக்குவரத்துத் துறைக்கும் உள்ளவை வேறு. தம்பியை நிறுத்தியது வரிக்காரர் இல்லை. காடு.

அப்பா, 7:25
சரி சரி. வந்ததை அனுப்பினேன்.

பெரியப்பா, 7:38
வரிச் சாவடி போனது சாதாரண விஷயம் இல்லை. உங்களுக்குத் தெரியாது. ஓர் எல்லையில் நான் முழுதாக இரண்டு இரவு நின்றிருக்கிறேன். முன்னால் நூறு வண்டி, பின்னால் நூறு வண்டி. கிளீனர் பையன் காகிதக் கட்டோடு ஜன்னல் ஜன்னலாகப் போவான். எந்த ஜன்னலுக்கு எவ்வளவு என்று அவனுக்கு மனப்பாடம். தக்காளி ஏற்றியவன் அழுதுகொண்டே நிற்பான். சாற்றின் வாடையிலேயே எந்த வண்டியில் தக்காளி என்று சொல்லிவிடலாம்.

பெரியப்பா, 7:45
பெர்மிட் இன்னொரு கூத்து. அப்போது நேஷனல் பெர்மிட் என்று பெயர்தான் தேசியம். சொந்த மாநிலத்தையும் சேர்த்துக் குறைந்தது நான்கு மாநிலம் எழுதி வாங்க வேண்டும். மாநிலத்துக்கு ஒரு வரைவோலை. நான் தமிழ்நாடு, கர்நாடகம், ஆந்திரம், மகாராஷ்டிரம் வாங்கி வைத்திருந்தேன். ஒருமுறை நாசிக்கில் இறக்கிவிட்டு நிற்கிறேன். சூரத்துக்குப் பாரம் இருக்கிறது, நல்ல வாடகை, ஏற்றுகிறாயா என்று தரகர் கேட்டார். குஜராத் என் காகிதத்தில் இல்லை. பார்த்துக்கொண்டே விட்டுவிட்டு, நான்கு நாள் காத்திருந்து அரை பாரம் வெங்காயத்தோடு சங்ககிரி வந்து சேர்ந்தேன். 2010க்குப் பிறகுதான் ஒரே கட்டணம், எல்லா மாநிலமும் என்று ஆனது. இப்போது ஆண்டுக்கு 16,500 ரூபாய் கட்டிவிட்டுக் காஷ்மீர் வரைக்கும் போகிறார்கள்.

தம்பி (வண்டி), 7:59
நான் காரப்பள்ளம் வரைக்கும் வந்திருக்கிறேன் பெரியப்பா.

மாமா, 8:00
😂😂

மாமா, 8:06
நான் ஓட்டிய காலத்தில் காகிதத்தைவிட மனிதர்கள்தான் பயம். 2016 செப்டம்பரில் காவிரிக் கலவரம். பெங்களூருவில் தமிழ்நாட்டுப் பதிவெண் வண்டிகளை எரித்தார்கள். நாங்கள் ஓசூரோடு நின்றுவிட்டோம். ஜூஜூவாடிப் பக்கம் சாலை ஓரமெல்லாம் லாரி. எனக்கு அந்தப் பக்கத்திலிருந்து போன் போட்டு, இரண்டு நாள் வராதே என்று எச்சரித்ததும் ஒரு கன்னட டிரைவர்தான். 2020 ஊரடங்கிலும் பாருங்கள், காலி வண்டிக்குத் தனி அனுமதிச் சீட்டு வேண்டாம் என்று டெல்லி உத்தரவே போட்டது. ஓர் எல்லையில் அந்தக் காகிதம் வந்து சேரவில்லை என்று அரை நாள் நிற்க வைத்தார்கள். இறக்கிவிட்டுத் திரும்பும் வண்டி காலியாகத்தானே வரும்? அதை எடுத்துச் சொல்ல அரை நாள்.

தம்பி மனைவி, 8:15
எல்லோரும் பேசி முடித்துவிட்டீர்களா? சரக்கோடு வர வேண்டிய ஜிஎஸ்டி மின்சீட்டு, அதுதான் அவருடைய இ-வே பில், இன்று நள்ளிரவோடு முடிகிறது.

நான், 8:16
ஐயோ. நேற்றே போட்டுவிட்டார்களா?

தம்பி மனைவி, 8:19
ஆமாம் அண்ணி. சரக்கை அனுப்பும் வியாபாரி நேற்றுக் காலையிலேயே எடுத்துவிட்டார். 200 கிலோமீட்டருக்குள் என்பதால் ஒரு நாள் கணக்கு. இன்று இரவு 12 மணியோடு சரி. சாமராஜநகரிலிருந்து ஈரோட்டுக்கு வர அது தாராளம். யாரும் தடுப்புக்குப் பின்னால் படுத்துத் தூங்காமல் இருந்தால்.

பெரியப்பா, 8:21
காலை ஆறுக்குத் திறந்ததும் இறங்கிவிட்டால் பத்துக்குள் ஈரோடு. அதற்குள் யார் பார்க்கப்போகிறார்கள்?

நான், 8:24
பெரியப்பா, அப்படிச் சொல்லாதீர்கள். காலாவதியான பில்லோடு பிடித்தால் வரியைப் போல இரு மடங்கு அபராதம். மஞ்சளுக்கு 5 சதவீதம். சரக்கு பத்து லட்சத்துக்கு மேல். கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

பெரியப்பா, 8:25
போட்டுவிட்டேன். வேண்டாம்.

மாமா, 8:27
திரும்பி மைசூரு போய், பெங்களூரு, ஓசூர், சேலம் என்று சுற்றி வந்தால்?

தம்பி மனைவி, 8:28
டீசலுக்கும் சுங்கத்துக்கும் நீங்கள் தருகிறீர்களா?

மாமா, 8:28
நான் சும்மா கேட்டேன் அம்மிணி.

தம்பி மனைவி, 8:33
நீட்டிப்புப் போடலாம். முடிவதற்கு எட்டு மணி நேரம் முன்னாலிருந்து, முடிந்த பிறகு எட்டு மணி நேரம் வரைக்கும் இடம் இருக்கிறது. காலை எட்டு வரை தளம் ஏற்கும். ஆனால் நான் இப்போதே போட்டுவிடுகிறேன். வண்டி எண் நாம் ஏற்றியது, அதனால் நம் கணக்கிலிருந்தே செய்யலாம். வண்டி இப்போது நிற்கும் இடம், மாநிலம், அஞ்சல் குறியீடு கேட்கிறது. சரியாக எங்கே நிற்கிறீர்கள்?

தம்பி (வண்டி), 8:52
காரப்பள்ளத்துக்கு முன்னால்.

தம்பி மனைவி, 8:53
எந்த மாநிலம்?

தம்பி (வண்டி), 9:04
அதுதான் தெரியவில்லை. புளிஞ்சூர் கர்நாடகச் சாவடியைத் தாண்டிவிட்டேன். நம் சாவடியை இன்னும் தொடவில்லை. வரிசை நீளம். போனில் ஒருமுறை கர்நாடகக் கோபுரம், ஒருமுறை தமிழ்நாடு.

மாமா, 9:05
முன்சக்கரம் தமிழ்நாடு, பின்சக்கரம் கர்நாடகம் என்று போடச் சொல்.

பாலக்காட்டு அத்தை, 9:07
அந்தத் தளத்தில் "நடுவில்" என்று ஒரு கட்டம் இருக்காதா? 🙄

தம்பி (வண்டி), 9:21
இறங்கிப் போய்ப் பின்னால் நிற்கும் டிரைவரிடம் கேட்டேன். எல்லைப் பலகையைத் தாண்டித்தான் நிற்கிறோமாம். தமிழ்நாடு. அத்தை திட்டாதீர்கள், இறங்கியது இரண்டு நிமிடம்தான்.

தம்பி மனைவி, 9:34
போட்டுவிட்டேன். மீதித் தூரத்தையும் எழுதினேன், இருநூற்றுக்குள்தான். நாளை நள்ளிரவு வரை செல்லும். புதிய தேதியோடு உங்களுக்கு அனுப்பியிருக்கிறேன். படம் இறங்குகிறதா என்று பாருங்கள். இறங்காவிட்டால் பில்லின் 12 இலக்க எண்ணையாவது எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பெரியப்பா, 9:36
அம்மிணி, எங்கள் காலத்தில் நீ இருந்திருந்தால் இரண்டு லாரி கூடுதலாக வாங்கியிருப்பேன்.

தம்பி மனைவி, 9:37
வாங்கியிருந்தால் அதற்கும் நான்தான் கணக்கு எழுதியிருப்பேன் பெரிய மாமா.

பாலக்காட்டு அத்தை, 9:48
எனக்கு ஒன்று கேட்க வேண்டும். விலங்குகளுக்காக இரவில் மூடுவதை நான் தவறென்று சொல்லவில்லை. எங்கள் ஊர்க்காரர்கள் வயநாட்டுக்காக உச்ச நீதிமன்றம் வரை போய்ப் பந்திப்பூரைத் திற என்கிறார்கள். எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. ஆனால் பக்கத்துப் பக்கத்துக் காட்டுக்கு ஏன் இரண்டு நேரம்? ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ள மாட்டார்களா?

நான், 9:57
கேட்டுக்கொள்ள இடம் இருக்கிறது அத்தை. தென் மண்டல கவுன்சில் என்று ஒன்று. 1956இன் மாநில மறுசீரமைப்புச் சட்டத்திலேயே எழுதப்பட்டது. தெலங்கானாவோடு சேர்த்துத் தென் மாநிலங்கள் ஐந்து, புதுச்சேரி எல்லோரும் உண்டு. உள்துறை அமைச்சர் தலைவர். 2021இல் திருப்பதியில் கூடினார்கள், 2022இல் திருவனந்தபுரத்தில். ஆனால் அது ஆலோசனை மன்றம். பேசலாம், பரிந்துரைக்கலாம், அவ்வளவுதான்.

ஜிஎஸ்டி கவுன்சில் அப்படி இல்லை. அங்கே வாக்குக்கு எடையே உண்டு. ஒன்றியத்துக்கு மூன்றில் ஒரு பங்கு, மாநிலங்களுக்கு மூன்றில் இரண்டு பங்கு, நான்கில் மூன்று பங்கு சேர்ந்தால்தான் முடிவு. அப்படி உட்கார்ந்து பேசியதால்தான் பெரியப்பா இரண்டு இரவு நின்ற சாவடி போனது. காட்டுப் பாதைக்கு அந்த மாதிரி மேசை இல்லை. அங்கே மாவட்ட ஆட்சியர் போடுகிறார், நீதிமன்றம் உறுதி செய்கிறது. ஒவ்வொன்றும் தன் எல்லைக்குள் சரிதான். இரண்டையும் ஒரே நாளில் கடப்பவன் டிரைவர் மட்டும்தான்.

மாமா, 10:01
வழக்கறிஞர் அம்மா, கட்டணம் எவ்வளவு?

நான், 10:02
ஒரு கிலோ மஞ்சள்.

பாலக்காட்டு அத்தை, 10:10
ஒருவரை ஒருவர் கேட்காமல் அனுப்புவதற்கு எங்கள் ஊரே சாட்சி. 2024 டிசம்பரில் இங்கிருந்து மருத்துவக் கழிவைத் திருநெல்வேலிப் பக்கம் கொண்டுபோய்க் கொட்டியது ஞாபகம் இருக்கிறதா? பசுமைத் தீர்ப்பாயம் சொன்ன பிறகு இங்கிருந்தே லாரிகள் போய் அள்ளிக்கொண்டு வந்தன. தெருவில் தலை நிமிர்ந்து நடக்க எனக்கே கூச்சமாக இருந்தது.

பெரியப்பா, 10:13
அது ரிட்டன் பாரம். 🙏 தூங்கப் போகிறேன்.

அப்பா, 10:40
[படம்: சூரியன், ரோஜா, "இனிய காலை வணக்கம்"]

நான், 10:41
அப்பா, இரவு பத்தே முக்கால்.

அப்பா, 10:42
காலையில் மறந்துவிடுவேன்.

தம்பி (வண்டி), காலை 5:55
இரவு ஒன்றரைக்கு வந்தது. கரும்பு லாரியில் ஒரு கட்டை உருவிக்கொண்டு மெதுவாகப் போய்விட்டது. அந்த டிரைவர் மூச்சுக்கூட விடவில்லை. படம் எடுக்கவில்லை, வெளிச்சம் பட்டால் திரும்பிவிடும் என்று பயம்.

தம்பி (வண்டி), 6:03
தடுப்பு எடுத்துவிட்டார்கள். கிளம்புகிறேன்.

பாலக்காட்டு அத்தை, 6:04
27 வளைவு. மெதுவாக இறங்கு கண்ணு. போனை உள்ளே வை.

தம்பி (வண்டி), 8:12
பண்ணாரி. அம்மனுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் தேநீர் குடிக்கிறேன். கீழே ஒருவர் பில்லைக் கேட்டார். புதிய தேதியைப் பார்த்ததும் போகச் சொல்லிவிட்டார்.

தம்பி மனைவி, 8:14
மண்டியில் இறக்கியதும் ரசீதைப் படம் எடுத்து அனுப்புங்கள். நாளைக்குக் கூடலூரிலிருந்து குண்டல்பேட்டைக்கு ஒரு பாரம் பேசி வைத்திருக்கிறேன்.

பெரியப்பா, 8:15
அங்கே எத்தனை மணிக்கு மூடுவார்கள்?

தம்பி (வண்டி), 8:16
ஒன்பது.

பெரியப்பா, 8:16
திம்பம்?

தம்பி (வண்டி), 8:17
ஆறு. கண்ணாடிக்கு மேலேயே எழுதி ஒட்டிவிட்டேன் பெரியப்பா.

மாமா, 8:19
எந்த மொழியில்?

தம்பி (வண்டி), 8:20
இரண்டிலும்.